புலித் தைலமும் பச்சைக் கல்லும்

எங்கள் வீட்டில் பணம் இல்லாத நாள் உண்டு. புலித் தைலம் இல்லாத நாள் கிடையாது. அம்மா முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். விடியற்காலையில் பெரட்டுக்குக் கிளம்பும்போதே அந்தச் சின்னஞ்சிறு புட்டி கைலி மடிப்பில் ஏறிவிடும். பாலை நிறுவைக்குக் கொடுத்துவிட்டு லயத்துக்கு வந்ததும், வலது கை விரல் மூட்டுகளில் ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொள்வார். அவர் உருட்டித் தரும் சோற்றிலும் அந்த வாசனை வரும். "தைலச் சோறு" என்று நானும் தம்பியும் கேலி செய்வோம்.

"சிரிங்க, நல்லாச் சிரிங்க! சிங்கப்பூருல அந்தத் தவுக்கே வீட்டுப் பச்சைக் கல்லுல ஒண்ணு என் காசு, தெரியுமா?" என்பார் அம்மா.

அது வெறும் வாய்ப்பேச்சு அல்ல என்று நான் உணர்ந்துகொள்ள எனக்கு நாற்பது வயது ஆகவேண்டியிருந்தது.

எழுபதுகளின் தொடக்கத்தில், திருமணத்துக்கு முன், தோட்டத்து இளவட்டங்கள் பஸ் பிடித்துச் சிங்கப்பூருக்குச் சுற்றுலா போனபோது அம்மாவும் போயிருக்கிறார். எல்லாரையும் போல ஹாவ் பார் வில்லாவில் நரகத் தண்டனைச் சிலைகளைப் பார்த்துப் பயந்திருக்கிறார். பிறகு நாசிம் சாலையில் இருந்த பச்சைக்கல் மாளிகைக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். "பச்சைன்னு பேரு, ஆனா பாதிக்கு மேல வெள்ளையாத்தான் இருந்திச்சி. தேங்காப்பால் மாதிரி வெள்ளை" என்று இன்றும் சொல்வார்.

அம்மா சொல்வது சரிதான். நாம் பச்சைக் கல் என்று சொல்லும் ஜேட் மரகதம் அல்ல. அதில் இரண்டு இனங்கள் உண்டு. நெஃப்ரைட் என்பது சீனர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கையாண்ட பழைய கல். அதன் வெண்மையைத்தான் அவர்கள் மிக உயர்வாகக் கருதினார்கள். ஜேடைட் என்பது பர்மாவிலிருந்து போனது. பதினெட்டாம் நூற்றாண்டில்தான் அது சீனாவில் பெருவாரியாகப் புழங்கத் தொடங்கியது. இன்று கடைகளில் பளபளக்கும் பச்சை வளையல்கள் பெரும்பாலும் இந்த இனம்.

அந்த மாளிகைக்காரரின் கதையும் பர்மாவில்தான் தொடங்குகிறது. ஆவ் பூன் ஹாவ் 1882-இல் ரங்கூனில் பிறந்தவர். தந்தை சீனாவிலிருந்து வந்த நாட்டு வைத்தியர். அவர் விட்டுச் சென்ற மருந்துக் கடையைப் பூன் ஹாவும் தம்பி பூன் பாரும் வளர்த்தார்கள். ஹாவ் என்றால் புலி. கற்பூரம், புதினா உப்பு, கிராம்பு எண்ணெய் எல்லாம் கலந்த தைலத்துக்குத் தம் பெயரையே முத்திரையாக வைத்துவிட்டார் மனிதர்! 1926-இல் சிங்கப்பூருக்குக் குடிபெயர்ந்தார். மலாயாவின் ஈயச் சுரங்கத்திலும் ரப்பர் தோட்டத்திலும் துறைமுகத்திலும் உடம்பு வலிக்காதவர் யார்? சில காசுக்கு ஒரு புட்டி. அந்தச் சில்லறை சேர்ந்துதான் பத்திரிகைகள், மாளிகைகள், ஆயிரத்துக்கு மேற்பட்ட ஜேட் சிற்பங்கள்.

அவர் 1954-இல் காலமானார். 1980-இல் அந்தச் சேகரிப்பிலிருந்து முந்நூற்றுக்கும் மேற்பட்ட சிற்பங்கள் சிங்கப்பூர் தேசிய அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாகப் போயின. மாளிகை பிறகு இடிக்கப்பட்டுவிட்டது. கல் நிலைத்தது; வீடு நிலைக்கவில்லை.

சென்ற ஆண்டு ஐந்தாம் வகுப்பில் இதைக் கதையாகச் சொன்னேன். "இரும்புக் கத்தியால் கீறினாலும் ஜேடில் கோடு விழாது. உளி வைத்து அடித்துச் செதுக்கவும் முடியாது" என்றேன். "அப்புறம் எப்படி டீச்சர்?" என்று கேட்டார்கள். மணலால்தான். கல்லைவிடக் கடினமான மணலைத் தண்ணீரில் குழைத்து, கயிற்றாலோ மூங்கில் குழாயாலோ தேய்த்துத் தேய்த்து அறுப்பார்கள். அறுப்பது கயிறு அல்ல, இடையில் உருளும் மணல்.

பிள்ளைகள் நம்பவில்லை. சரி, செய்து பார்ப்போம் என்று ஆற்றுக் கூழாங்கல் ஒன்றையும் நைலான் கயிற்றையும் ஈர மணலையும் கொண்டு வந்தேன். ஜேடுக்கு எங்கே போவது! ஓய்வு நேரத்தில் இருவர் இருவராக மாறி மாறி இழுத்தார்கள். முதல் நாள் ஒரே கூச்சல். மூன்றாம் நாள் பாதிப் பேர் கேண்டீனுக்கு ஓடிவிட்டார்கள். பத்து நாள் விடாமல் இழுத்த நால்வருக்குக் கிடைத்தது, ஓர் அரிசி மணி படுக்கும் அளவுக்குக் கூட ஆழமில்லாத ஒரு கோடு. அதை அவர்கள் தடவித் தடவிப் பார்த்ததைப் பார்க்கவேண்டுமே! ஒரு பையன் கையை உதறிக்கொண்டே, "டீச்சர், இத செஞ்சவங்களுக்குக் கை வலிக்காதா?" என்று கேட்டான்.

எத்தனையோ ஆய்வரங்குகளுக்குப் போயிருக்கிறேன். இப்படி ஒரு கேள்வியை எங்கும் கேட்டதில்லை. சீனாவில் ஹாங்சௌ நகருக்கு அருகே லியாங்சூ என்ற இடத்தில் ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்களிடம் இரும்பு கிடையாது. ஆனாலும் ஜேடில் முடியிழை போன்ற கோடுகளால் முகங்களைப் பொறித்து வைத்தார்கள். அவர்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. பிற்காலத்தில் அரண்மனைப் பட்டறைகளில் ஒரே கல்லில் கண்ணி கோத்த சங்கிலி வரை செய்தார்கள். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் மண்டபத்தில் தொங்கும் கற்சங்கிலி நம்மவர்கள் செய்தது. இரண்டு இடத்திலும் செய்தவன் பெயர் இல்லை.

1968-இல் வட சீனாவில் மான்செங் என்ற ஊரில் ஓர் இளவரசரின் கல்லறையைத் திறந்தார்கள். கி.மு. 113-இல் இறந்த லியூ ஷெங். தலை முதல் பாதம் வரை ஜேட் சட்டை போட்டுப் புதைத்திருந்தார்கள்: 2,498 ஜேட் துண்டுகள், கோத்தது சுமார் 1,100 கிராம் தங்கக் கம்பியால். ஜேட் உடம்பை அழியாமல் காக்கும் என்று நம்பினார்களாம். திறந்தபோது சட்டை இருந்தது. உள்ளே இளவரசர் மண்ணாகிப் போயிருந்தார்.

அன்று இரவு அம்மாவிடம் இதையும் அந்தப் பையனின் கேள்வியையும் சொன்னேன். இளவரசரைப் பற்றி அம்மா ஒன்றும் கேட்கவில்லை. "அந்தக் காலத்துல தைலமும் இல்லியே, பாவம்" என்றார்.

பர்மாவில் இன்றும் பாவம்தான். கச்சின் மாநிலத்து ஜேட் சுரங்கத்தில், 2020 ஜூலை 2-ஆம் தேதி மண்மேடு சரிந்து, கழிவு மண்ணில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் 170-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். வளையலைப் பார்க்கும்போது எனக்கு அந்த நினைவும் வருகிறது. அப்படியிருந்தும் சென்ற தீபாவளிக்கு அம்மாவுக்கு ஒரு ஜேட் வளையல் வாங்க ஆசைப்பட்டேன். காரணம் இருக்கிறது.

நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் போன ஆண்டு, அம்மாவின் இரண்டு தங்க வளையல்களும் கிள்ளானில் ஒரு பஜாக்கடைக்குப் போயின. மூன்று தடவை வட்டி கட்டினார். நான்காம் தடவை முடியவில்லை. மூழ்கிப் போயின. அதன்பிறகு அம்மாவின் கையில் கண்ணாடி வளையலைத் தவிர எதையும் நான் பார்த்ததில்லை. இன்றைய தங்கத்தின் விலையில் ஈடு செய்ய என்னாலும் ஆகவில்லை.

பிரிக்பீல்ட்ஸில் துணி எடுத்துவிட்டு, பெட்டாலிங் ஸ்திரீட்டுப் பக்கம் ஒரு ஜேட் கடைக்கு அழைத்துப் போனேன். (வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஏ வகை என்றால் இயற்கைக் கல், பி வகை அமிலத்தில் வெளுத்துப் பிசின் ஏற்றியது, சி வகை சாயம் போட்டது. சான்றிதழ் கேளுங்கள்.) கடைக்காரச் சீன அம்மா பொறுமைசாலி. அம்மாவுக்குப் பிடித்தது பச்சை அல்ல, அந்தத் தேங்காய்ப்பால் வெள்ளை.

ஜேட் வளையலுக்கு வாய் கிடையாது; முழு வட்டம். விரல் மூட்டுகளைத் தாண்டித்தான் மணிக்கட்டுக்குப் போகவேண்டும். கடைக்காரம்மா அம்மாவின் கைக்கு ஒரு பிளாஸ்டிக் பையைப் போட்டு, சவர்க்கார நுரை தடவி மெல்ல ஏற்றினார். மூட்டில் நின்றுவிட்டது. அடுத்த அளவு, அதுவும் நின்றது. கடையில் இருந்ததிலேயே பெரிய வளையல் வரை வந்துவிட்டோம். உளி பிடித்து முப்பது ஆண்டு வீங்கிப்போன மூட்டுகள் எதையும் விடுவதாக இல்லை.

கடைக்காரம்மா அந்தக் கையைத் திருப்பிப் பார்த்தார். "ரப்பர்?" என்று கேட்டார். அம்மா தலையாட்டினார். அவர் துண்டை எடுத்து அம்மாவின் கையை விரல் விரலாகத் துடைத்துவிட்டார்.

கிள்ளானுக்குத் திரும்பும் கொமுட்டர் ரயிலில் நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அம்மா கைப்பையைத் துழாவிப் புட்டியை எடுத்து, சவர்க்காரம் காய்ந்த மூட்டுகளில் தேய்க்கத் தொடங்கினார். எதிரே இருந்த பிள்ளை மூக்கைச் சுளித்தது.

"போவுது விடும்மா. அந்த வீட்டுலதான் நம்ம கல்லு ஒண்ணு இருக்கே" என்றார்.