மிகைப்பற்றும் ஏறும் வட்டியும்



'பற்று' என்னும் சொல் நம் தோட்டப்புற மக்களுக்குப் புதியதன்று. சம்பள நாளுக்கு முன்பே கடையில் அரிசியும் பருப்பும் பற்றாக வாங்கி, சம்பளம் வந்ததும் அடைத்த தலைமுறை நம்முடையது. அந்தக் கடன் நோட்டுப் புத்தகத்தில் கண்ணுக்குத் தெரிந்தது. கொடுக்கக் கொடுக்கக் குறைந்தது. இன்று வங்கிகள் தரும் 'ஓவர்டிராஃப்ட்' வசதியைத் தமிழில் மிகைப்பற்று என்கிறோம். பெயரில் உறவு இருந்தாலும், தன்மையில் இது முற்றிலும் வேறானது. இதை அறியாமல் நம் பெற்றோர் சிலர் படும் துன்பத்தைக் கண்டதனால்தான் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

2023ஆம் ஆண்டு பெற்றோர் சந்திப்பு நாளில், ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் தந்தை என்னிடம் ஒரு வங்கிக் கடிதத்தை நீட்டினார். ஜாசின் வட்டாரத்தில் சொந்த லாரியில் செம்பனைக் குலை ஏற்றும் தொழில் செய்பவர் அவர். தம் பெயரைக் குறிப்பிடாமல் எழுதலாம் என்று இசைவு தந்திருக்கிறார்.

"டீச்சர், எட்டு வருசமா மாசா மாசம் கட்டிக்கிட்டு வர்றேன். வட்டி மறுபடியும் ஏறிடுச்சாம். இன்னும் எவ்வளவு பாக்கின்னு பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

கடிதத்தைப் படித்தேன். நிலுவை 40,000 ரிங்கிட். எட்டு ஆண்டுகளுக்கு முன் அவர் எடுத்த தொகையும் அதே 40,000 ரிங்கிட்தான். அவர் கட்டியதனைத்தும் வட்டி, இருபதாயிரத்திற்கும் மேல். அசலில் ஒரு காசும் குறையவில்லை. அந்தக் கடனுக்கு ஈடாக இருப்பது அவர் குடும்பம் குடியிருக்கும் ஒரே வீடு. "அப்போ பாதிகூட முடியலையா?" என்று அவர் கேட்டபோது, பதில் சொல்ல எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

மிகைப்பற்று எவ்வாறு இயங்குகிறது? நடப்புக் கணக்கில் நம் பணம் தீர்ந்த பின்னரும், ஒரு வரம்பு வரை எடுத்துக்கொள்ள வங்கி தரும் அனுமதியே அது. ஒவ்வொரு நாளும் உள்ள நிலுவைக்கு வட்டி கணக்கிடப்பட்டு, மாதம் ஒருமுறை அதே கணக்கில் சேர்க்கப்படும். நாம் கட்டாவிட்டால் வட்டியும் கடனாகி, அதற்கும் வட்டி ஏறும். தவணை என்று ஒன்று கிடையாது. ஆகவே அசலைக் குறைக்கும்படி எவரும் நம்மை மாதந்தோறும் வற்புறுத்துவதில்லை. ஆயினும் முழுத் தொகையையும் திருப்பிக் கேட்கும் உரிமை வங்கிக்கு உண்டு.

இனி வட்டி ஏற்றத்திற்கு வருவோம். ஓ.பி.ஆர். எனப்படும் கொள்கை வட்டி விகிதத்தைப் பேங்க் நெகாரா 2022 மே மாதத்தில் 1.75 விழுக்காட்டிலிருந்து உயர்த்தத் தொடங்கியது. ஐந்து முறை கால் விழுக்காடாக ஏறி, 2023 மே மாதத்தில் அது 3 விழுக்காட்டை எட்டியது. 2025 ஜூலையில் 2.75 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. நிலையான வட்டியில் வாங்கிய வாகனக் கடனை இத்தகைய மாற்றங்கள் தொடுவதில்லை. மிகைப்பற்றின் வட்டியோ அடிப்படை விகிதத்தோடு சேர்ந்து ஏறும், சேர்ந்து இறங்கும். 1998ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது வங்கிகளின் அடிப்படைக் கடன் விகிதமே 12 விழுக்காட்டைத் தாண்டியதை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

அந்தத் தந்தையின் வட்டி 6.5 விழுக்காட்டிலிருந்து 7.75 ஆனது. 40,000 ரிங்கிட்டுக்கு ஆண்டு வட்டி 2,600 ரிங்கிட்டிலிருந்து 3,100 ஆயிற்று. மாதக் கணக்கில் ஏறத்தாழ 217 ரிங்கிட் 258 ஆயிற்று. நாற்பது ரிங்கிட்தானே கூடியிருக்கிறது என்று தோன்றலாம். இங்குதான் நாம் ஏமாறுகிறோம்.

இதே 258 ரிங்கிட்டைப் பத்தாண்டுகள் கட்டினால் 31,000 ரிங்கிட் போய்விடும். 40,000 கடன் அப்படியே நிற்கும். அதே வட்டியில் பத்தாண்டுத் தவணைக் கடனாக இருந்தால் மாதம் 480 ரிங்கிட் வரும். சுமை கூடுதல்தான். ஆனால் பத்தாம் ஆண்டு முடிவில் கடன் இல்லை. மொத்த வட்டியும் ஏறக்குறைய 17,600 மட்டுமே. வட்டி ஏறியதைக் காட்டிலும், அசல் இறங்காததே பெரிய இழப்பு. வட்டி ஏற்றம் அந்த இழப்பின் விலையைக் கூட்டுகிறது.

அப்படியானால் மிகைப்பற்று தீயதா? இல்லை. டீசலுக்கும் ஆள்கூலிக்கும் அன்றாடம் பணம் வேண்டும். ஆலையோ மாதம் ஒருமுறைதான் தருகிறது. அந்த இடைவெளியை நிரப்ப இது நல்ல கருவி. வந்த பணத்தை உடனே கணக்கில் போட்டால் வட்டி குறையும். 5,000 ரிங்கிட்டை வீட்டில் வைத்திராமல் இருபது நாள் கணக்கில் வைத்தால், 7.75 விழுக்காட்டில் 21 ரிங்கிட் மிச்சம். ஆனால் லாரி வாங்கவும் வீட்டைப் பெரிதாக்கவும் திருமணச் செலவுக்கும் இது ஏற்றதன்று.

நாங்கள் இருவரும் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தோம். பின்னர் அவர் வங்கிக்குச் சென்று பேசினார். பாதித் தொகையான 20,000 ரிங்கிட்டைப் பத்தாண்டுத் தவணைக் கடனாக மாற்ற வங்கி இசைந்தது. இப்பொழுது தவணையும் மீதி வட்டியும் சேர்த்து, முன்பைவிட மாதம் 111 ரிங்கிட் கூடுதலாகக் கட்டுகிறார். ஒரு பாதிக்கேனும் முடிவு நாள் தெரிகிறது.

பெற்றோர்களே, மிகைப்பற்று வைத்திருந்தால் உங்கள் வங்கியிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். இன்றைய வட்டி எவ்வளவு? சென்ற ஓராண்டில் நான் கட்டிய வட்டி மொத்தம் எத்தனை ரிங்கிட்? ஒரு பகுதியைத் தவணைக் கடனாக மாற்ற இயலுமா? தனியே பேசத் தயங்குவோர் ஏ.கே.பி.கே. நிறுவனத்தை நாடலாம். பேங்க் நெகாரா 2006இல் அமைத்த அந்நிறுவனம் கடன் ஆலோசனையை இலவசமாக வழங்குகிறது. ஆலோங்கிடம் போய் அந்தப் பணத்தில் வங்கிக் கடனை அடைக்க மட்டும் எண்ணாதீர்கள்.

ஆசிரிய நண்பர்களே, ஐந்தாம் ஆண்டுக் கணிதத்தில் வட்டியும் கூட்டு வட்டியும் கடனும் பாடமாக உள்ளன. விடையை மட்டும் சரிபார்த்து நகர்ந்துவிடாமல், "பத்தாண்டு கழித்து அசல் எவ்வளவு மிஞ்சும்?" என்ற ஒரு கேள்வியைக் கூடுதலாகக் கேளுங்கள். இந்தக் கணக்கைப் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெற்றோரோடு சேர்ந்து போடட்டும்.