பார்வைக்கு எட்டாத வளைவுகள்

ஜெர்மனியின் மேற்கே, ஐஃபல் மலைக்காடுகளுக்கு நடுவே, பி258 நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு நுழைவாயில் இருக்கிறது. பார்ப்பதற்குச் சுங்கச்சாவடிதான். செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமமும் சாலையில் ஓடத் தகுதி பெற்ற காரும் இருந்தால் போதும், கட்டணம் செலுத்திவிட்டு உள்ளே போகலாம். ஹெல்மெட் கட்டாயமில்லை. இதற்கு முன் பந்தயத் தடத்தில் ஓட்டியதுண்டா என்று யாரும் கேட்பதில்லை. தடுப்புக்கு அப்பால் இருப்பது 20.8 கிலோமீட்டர் நீளமுள்ள நோர்ட்ஷ்லைஃபே, அதாவது நூர்பர்க்ரிங்கின் வடக்குச் சுற்று. உலகின் மிகக் கடினமான பந்தயத் தடங்களைப் பற்றிப் பேசும் ஓட்டுநர்கள் முதலில் சொல்லும் பெயர் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

வேலையில்லாமல் வாடிய ஐஃபல் வட்டாரத்துக்குப் பிழைப்புத் தரும் திட்டமாக 1925இல் இதன் கட்டுமானம் தொடங்கியது. 1927 ஜூனில் திறந்தார்கள். முதல் கார்ப் பந்தயத்தில் வென்றவர் ருடால்ஃப் கராச்சியோலா. பந்தயம் இல்லாத வேளைகளில் பொதுமக்கள் பணம் கட்டி ஓட்டலாம் என்ற ஏற்பாடும் அந்தக் காலத்திலிருந்தே இருக்கிறது. மலையைச் சமப்படுத்திப் போட்ட தடமல்ல இது. மலை ஏறுகிற இடத்தில் ஏறி, சரிகிற இடத்தில் சரிந்து போகிறது. எழுபதுக்கும் மேற்பட்ட வளைவுகள். மிகத் தாழ்ந்த இடத்துக்கும் மிக உயர்ந்த இடத்துக்கும் இடையே சுமார் 300 மீட்டர் வேறுபாடு.

பக்கத்திலேயே 1984இல் திறக்கப்பட்ட கிராண்ட் பிரீ தடம் ஐந்து கிலோமீட்டர் சொச்சம்தான். அங்கே ஒரு வளைவில் தவறு செய்தவர், இரண்டு மூன்று நிமிடத்தில் அதே வளைவுக்குத் திரும்பி வந்து திருத்திக்கொள்ளலாம். இங்கே அந்த வாய்ப்பு 20 கிலோமீட்டருக்கு அப்பால்தான் வரும். அதற்குள் வேறு எழுபது வளைவுகள் மனதில் ஒன்றோடொன்று குழம்பிவிடும். அமெச்சூர் ஓட்டுநருக்கு இந்தத் தடம் ஆபத்தாவதன் வேர் இங்கேதான் இருக்கிறது. அடுத்து என்ன வருகிறதென்று தெரியாமல் வேகமாகப் போவதுதான் இங்கே கொல்கிறது. இன்றைய கார்கள் வேகத்தை விலைக்குத் தந்துவிடுகின்றன. தடத்தை மனதில் பதிய வைக்கும் வேலையை மட்டும் எந்தக் காரும் நமக்காகச் செய்வதில்லை.

பொதுமக்களின் சுற்று டோட்டிங்கர் ஹோயெ என்னும் நீண்ட நேர்பாதையில் தொடங்குகிறது. பொது ஓட்டத்தின்போது இது சட்டப்படி ஒருவழிச் சுங்கச் சாலை. ஜெர்மனியின் சாலை விதிகள் அப்படியே பொருந்தும். வலப்பக்கம் ஒதுங்கிப் போக வேண்டும், இடப்பக்கமாக மட்டுமே முந்த வேண்டும், பந்தயம் கூடாது, சுற்று நேரம் அளக்கவும் கூடாது. விதிகள் தெளிவானவை. ஆனால் முதல் மேம்பாலம் தலைக்கு மேல் கடக்கும்போதே பலருடைய மனதில் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடுகிறது. இந்த 20.8 கிலோமீட்டரைப் பத்து நிமிடத்தில் கடப்பது சாதாரணம் என்று கேட்டிருப்பார்கள். அதற்குச் சராசரியாக மணிக்கு 125 கிலோமீட்டர் வேகம் வேண்டும். மலைப்பாதையில் அந்தச் சராசரி வர, நேர்பாதைகளில் 200ஐ எட்ட வேண்டியிருக்கும். அந்த வேகத்தில் ஒரு நொடி தயங்கினால் 55 மீட்டர் போய்விடும்.

டீர்கார்ட்டன், ஹோயென்ரைன் தாண்டியதும் பழைய தொடக்கக் கோட்டின் பக்கம் வருகிறோம். வடக்குச் சுற்றின் முதல் வளைவுக்கு 2021இல் சாபினே ஷ்மிட்ஸின் பெயரைச் சூட்டினார்கள். அவருடைய பெற்றோர் நூர்பர்க் கிராமத்தில் ஹோட்டல் நடத்தியவர்கள். இந்தத் தடத்தின் 24 மணி நேரப் பந்தயத்தை 1996, 1997 என இருமுறை வென்ற குழுவில் அவர் இருந்தார். ஆண்டுக்கணக்கில் பயணிகளை ஏற்றிக்கொண்டு இங்கே சுற்றிச் சுற்றி வந்தவர். ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காகச் சரக்கு வேன் ஒன்றைப் பத்து நிமிடம் சொச்சத்தில் அவர் ஓட்டிக் காட்டியதை உலகமே ரசித்தது. அதைப் பார்த்தவர்களில் பலர் எடுத்துக்கொண்ட பாடம், வேனே இவ்வளவு வேகமாகப் போகுமென்றால் என் கார் போகாதா என்பதுதான். வேனை அந்த வேகத்தில் கொண்டுபோனது, சிறுவயதிலிருந்து இந்தத் தடத்தோடு வளர்ந்து, ஆயிரக்கணக்கான சுற்றுகளில் ஒவ்வொரு மேட்டையும் பள்ளத்தையும் மனதில் ஏற்றிக்கொண்ட ஒருவருடைய கை.

அடுத்து ஹாட்சன்பாஹ். காட்டுக்குள் இடமும் வலமுமாக மாறி மாறி வரும் வளைவுகள். ஒன்றில் சற்று அகலமாகப் போய்விட்டால் அடுத்ததற்குள் தவறான இடத்தில் நுழைவோம், அதற்கடுத்ததில் இன்னும் தவறாக. புல்தரை அகலம் குறைவு. அதை ஒட்டியே இரும்புத் தடுப்பு. நவீன தடங்களில் பிழைசெய்த காரைத் தாங்கி நிறுத்த அகன்ற சரளைப் பரப்போ தார்ப் பரப்போ இருக்கும். இங்கே பெரும்பாலான இடங்களில் அது கிடையாது.

பிறகு ஃப்ளூக்பிளாட்ஸ். ஒரு மேட்டைத் தாண்டும்போது காரின் எடை சக்கரங்களிலிருந்து விலகும். 2015 மார்ச்சில் ஒரு பந்தயத்தின்போது இங்கே ஒரு காரின் முன்பக்கம் காற்றில் எழும்பி, கார் வேலியைத் தாண்டி விழுந்து, பார்வையாளர் ஒருவர் இறந்தார். ஓட்டியவர் பயிற்சி பெற்ற பந்தய ஓட்டுநர். அதன் பிறகு சில பகுதிகளில் பந்தயக் கார்களுக்கே வேகக் கட்டுப்பாடு விதித்தார்கள். மேடுகளைத் தணித்து, வேலிகளைப் பெருக்கிய பிறகே அதை நீக்கினார்கள். தொழில்முறை ஓட்டுநர்களைக்கூட நம்பிவிடாமல் தடத்தையே திருத்த வேண்டியிருந்த இடம் இது. முதன்முறை வருகிறவர் இங்கே ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தால் அதைத் துணிச்சல் என்று சொல்ல முடியாது.

ஷ்வேடன்க்ராய்ட்ஸ் தாண்டி ஆரம்பெர்க்கில் வலப்பக்கம் திரும்பினால் ஃபுக்ஸ்ரோரே. மரங்களுக்கு நடுவே செங்குத்தாக இறங்கி, அடியில் சட்டென்று மேலேறும். அந்த அடிப்பள்ளத்தில் கார் தரையோடு அழுந்தும், வயிறு இருக்கையோடு ஒட்டும், சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கிவிடும். அங்கே பிரேக்கை மிதிப்பதும் ஸ்டியரிங்கை வெட்டுவதும் காரின் சமநிலையைக் குலைத்துவிடும். 2004இல் வந்த கிரான் டூரிஸ்மோ 4 உட்படப் பல வீடியோ விளையாட்டுகளில் இந்தத் தடம் அச்சு அசலாக இருக்கிறது. வீட்டில் நூறு முறை ஓட்டிப் பழகிய இளைஞர்கள் வளைவுகளின் வரிசையை மனப்பாடமாகச் சொல்வார்கள். அது பயனுள்ள அறிவுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் திரையில் இந்த இறக்கம் தட்டையாகத் தெரியும், உடம்பு எதையும் உணராது, மோதினால் ஒரு பொத்தானில் கார் புதிதாகிவிடும். வரிசை தெரிந்த தைரியத்தில் வந்தவரை இந்தப் பள்ளம் முதன்முறை உலுக்கும்போது, அவர் செய்யும் முதல் காரியம் பயந்து பிரேக்கை மிதிப்பது.

ஏறி முடிந்ததும் ஆடனாவர் ஃபோர்ஸ்ட். பார்வைக்கு மறைந்த ஒரு மேட்டுக்குப் பின்னால் இறுக்கமான இடது, உடனே வலது. சாலை நேராகத்தான் போகிறதென்று கண் நம்பிவிடும். அப்படி நம்பிய கார்கள் ஆண்டாண்டுகளாக இங்கே நேரே புல்லுக்குள் பாய்ந்துகொண்டிருக்கின்றன. புல்லில் போனதுகூடப் பெரிதல்ல, பதற்றத்தில் ஸ்டியரிங்கை ஒடித்துத் தடத்துக்குத் திரும்பும் கணம்தான் பெரிது. புல்லில் பிடிப்பின்றிச் சறுக்கிய சக்கரம் தார்ச்சாலையைத் தொட்டதும் திடீரென்று பிடித்துக்கொள்ளும். கார் குறுக்கே வெட்டிக்கொண்டு எதிர்ப்பக்கத் தடுப்பை நோக்கிப் பாயும். அந்தப் பாதையில் அப்போது வேறொருவர் வந்துகொண்டிருக்கலாம்.

அதன் பிறகு மெட்ஸ்கெஸ்ஃபெல்ட், கால்லன்ஹார்ட், வேர்சைஃபன் வழியாக ப்ரைட்ஷைட் பாலம் வரை இறக்கம். இந்தப் பகுதி பிரேக்கைச் சோதிக்கும். வேகம் இரு மடங்கானால் பிரேக் உறிஞ்ச வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. அது முழுவதும் வெப்பமாகிறது. சாதாரண காரின் பிரேக் நகரச் சாலைக்காகவும் நெடுஞ்சாலைக்காகவும் செய்யப்பட்டது. பழைய பிரேக் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். அதனால் அதன் கொதிநிலை இறங்கியிருக்கும். கொதித்து ஆவிக்குமிழ் உண்டானால், மிதி தரைவரை அமுங்கியும் கார் நிற்காது. வேர்சைஃபனின் இறக்க வளைவில் அது நேர்ந்தால் ஓட்டுநரின் திறமைக்கு அங்கே வேலையே இல்லை. வருவதற்கு முன் பிரேக் திரவத்தையும் பேடுகளையும் மாற்றுவது சில மணி நேர வேலை. எஞ்சினின் குதிரைத்திறனுக்குச் செலவழிக்கிறவர்கள் இதை ஒத்திப்போடுவது வருத்தம் தருகிறது.

பாலத்தைத் தாண்டினால் ஏற்றம் தொடங்கும். பெர்க்வெர்க்குக்குச் சற்று முன்னால், வேகமான ஓர் இடது திருப்பத்தில், 1976 ஆகஸ்ட் 1 அன்று நடந்த பந்தயத்தில் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் நிக்கி லாவ்டாவின் ஃபெராரி கரையில் மோதித் தீப்பிடித்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் அவர் இங்கே ஏழு நிமிடத்துக்குள் சுற்றிய முதல் மனிதராகியிருந்தார். தடத்தை அவரைவிட நன்றாக அறிந்தவர்கள் அன்று அதிகம் பேர் இல்லை. அன்றைய பந்தயத்தையே நடத்த வேண்டாமென்று வாதிட்டவரும் அவர்தான். தீயிலிருந்து அவரை இழுத்துக் காப்பாற்றியவர்கள் பின்னால் வந்த சக ஓட்டுநர்களான மெர்சாரியோ, எட்வர்ட்ஸ், லங்கர், எர்ட்ல் ஆகியோர். இவ்வளவு நீளமான தடத்தில் ஒவ்வொரு வளைவுக்கும் தீயணைப்பு வண்டியை நிறுத்திவைக்க முடியாது. ஃபார்முலா ஒன் அந்த ஆண்டோடு வடக்குச் சுற்றை விட்டு வெளியேறியது. உலகின் மிகச்சிறந்த இருபது முப்பது பேருக்கே ஆபத்து மிகுதி என்று முடிவான பாதையில், வார இறுதியில் யார் வேண்டுமானாலும் ஓட்டுகிறார்கள் என்பதை உள்ளே நுழையும் ஒவ்வொருவரும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

கெஸல்ஷனின் நீண்ட ஏற்றத்தில் வேறொரு ஆபத்து வெளிப்படும். இங்கே எல்லா வண்டிகளும் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. குடும்பத்தோடு வந்த சிறிய காரும் பந்தய டயர் மாட்டிய போர்ஷேவும் ஒரே சாலையில் போகின்றன. இரண்டுக்கும் இடையே மணிக்கு நூறு கிலோமீட்டர் வித்தியாசம்கூட இருக்கலாம். மெதுவாகப் போகிறவர் கண்ணாடியைப் பார்த்து, வலப்பக்கம் இண்டிகேட்டர் போட்டு வழிவிட வேண்டும். வேகமாக வருகிறவர் அவர் தன்னைப் பார்த்துவிட்டார் என்று உறுதியாகத் தெரியும்வரை காத்திருக்க வேண்டும். புதிதாக வந்தவரின் கண் முழுவதும் முன்னால் வரும் வளைவிலேயே ஒட்டியிருக்கும், பின்னால் பார்க்க மூளையில் இடமே மிச்சமிராது. மெதுவாகப் போவது மட்டும் பாதுகாப்பு ஆகாது. மற்றவர்களுக்குப் புரியும்படி போவதுதான் பாதுகாப்பு.

பின்னர் காங்கிரீட் பலகைகள் பதித்த, உட்புறம் சரிந்த கருஸல் வளைவு. இன்று கராச்சியோலாவின் பெயரைத் தாங்குகிறது. அதற்குமேல் ஹோயெ ஆஹ்ட், தடத்தின் உச்சி. 20 கிலோமீட்டர் நீளம் என்பதால் இங்கே வானிலையும் ஒன்றாக இருப்பதில்லை. நுழைவாயிலில் வெயிலும் உச்சியில் மழையும் இருக்கலாம். மரநிழலில் ஈரம் காய நேரமாகும். தடத்தில் ரசிகர்கள் எழுதிவைத்த வண்ண எழுத்துகள் நனைந்தால் வழுக்கும். போதாததற்கு, ஏதோ ஒரு காரின் ரேடியேட்டரிலிருந்து கசிந்த குளிர்விப்புத் திரவம் வளைவில் சிந்தியிருந்தால், அதைத் தொடும் அடுத்தடுத்த வண்டிகளெல்லாம் ஒரே இடத்தில் சுழலும். கசியவிட்டவர் தெரியாமலே போய்க்கொண்டிருப்பார். வண்டியில் ஏதோ கோளாறு என்று தோன்றியதும் வலப்பக்கம் ஒதுங்கி நிறுத்தி, தடுப்புக்குப் பின்னால் போய்விட வேண்டும் என்ற விதி இதற்காகத்தான். இன்னும் சில கிலோமீட்டர்தானே என்று ஓட்டி முடிக்க நினைப்பது பின்னால் வருகிறவர்களின் உயிரோடு விளையாடுவது.

ப்ரூன்ஷனில் மலைச்சரிவு முழுக்க பார்வையாளர்கள், கையில் கேமராக்கள். இங்கே சறுக்கிய கார்களின் காணொளிகள் உலகமெங்கும் ஓடுகின்றன. கூட்டத்தைக் கண்டதும் வலது கால் தானாக அழுந்துகிற ஓட்டுநர்கள் உண்டு. வளைவின் நடுவில் வேகம் மிஞ்சிவிட்டதென்று தெரிந்ததும் ஆக்ஸிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுப்பார்கள். எடை முன்பக்கம் பாயும், பின்சக்கரங்கள் பிடிப்பை இழக்கும், கார் சுழலும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைப்பதும், உள்ளே போனபின் காலை நிதானமாக வைத்திருப்பதும் முதல் பாடம். ஆனால் பயம் வந்த நேரத்தில் கால் அதைக் கேட்க வேண்டுமென்றால், ஆபத்தில்லாத இடத்தில் பலமுறை பழகியிருக்க வேண்டும்.

ஃப்ளான்ஸ்கார்ட்டனில் கார் மறுபடியும் தரையை விட்டு எழும்பப் பார்க்கும். 1958 ஜெர்மன் கிராண்ட் பிரீயில் ஃபெராரி ஓட்டுநர் பீட்டர் காலின்ஸ் உயிரிழந்தது இந்தப் பகுதியில். இவ்வளவு தூரம் வந்தபின் களைப்பு தலைதூக்கும். முதல் சில வளைவுகளில் இருந்த எச்சரிக்கை தளர்ந்து, எல்லாம் பிடிபட்டுவிட்டது என்ற நம்பிக்கை வந்திருக்கும். அமெச்சூர் ஓட்டுநர் தன்னை மிக அதிகமாக நம்புவது, பாதி கற்றுக்கொண்ட இந்த நிலையில்தான். முதல் சுற்றில் பயம் காப்பாற்றும். மூன்றாவது நான்காவது சுற்றில் அந்தக் காவலும் போய்விடும். பக்கத்து இருக்கையில் உற்சாகப்படுத்தும் நண்பனும் இருந்துவிட்டால் சொல்லவே வேண்டாம்.

கால்கன்கோஃப் வளைவு முடிந்து மறுபடியும் டோட்டிங்கர் ஹோயெ. நேர்பாதையில் கூம்புகள் வைத்து வேகத்தைத் தணித்து வெளியே அனுப்புகிறார்கள். விபத்தில் சிக்கியவருக்கு வெளியேறுவது இவ்வளவு எளிதல்ல. நசுங்கிய இரும்புத் தடுப்பை மாற்றும் செலவு, கார் இழுக்கும் செலவு எல்லாம் அவர் தலையில் விழும். பல காப்பீட்டு ஒப்பந்தங்கள் பந்தயத் தடத்தில் நேர்ந்த சேதத்தை ஏற்பதில்லை. சாதாரண வாடகைக் காரை இங்கே கொண்டுவருவதை வாடகை நிறுவனங்கள் தடைசெய்கின்றன. ஆனாலும் பணக்கணக்கு இரண்டாம்பட்சம்தான். ஒருவருடைய பிழையால் காயம்படுகிறவர் வேறொருவராக இருக்கலாம் என்பதே பெரிய கணக்கு.

இந்தக் கதவை மூடிவிட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. மலைக்குள் வளைந்து செல்லும் இப்படியொரு பாதையைச் சாதாரண மக்கள் கையில் விட்டுவைத்திருப்பது அரிய கொடை. ஆனால் அந்தக் கொடைக்கு நிபந்தனை வேண்டும். முதன்முறை வருகிற எவரும் பயிற்சியாளர் ஒருவரோடு முதல் சுற்றுகளை ஓட்டிய பிறகே தனியாக அனுமதிக்கப்பட வேண்டும். பயிற்சி தருகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். நிபந்தனை வரும்வரை ஓட்டுநர்களே அதைத் தமக்கு விதித்துக்கொள்ளலாம். முதல் நாளில் நேரத்தை அளக்காமல், வளைவுகளை மட்டும் எண்ணிக்கொண்டு ஓட்டலாம். மழை வந்தால் திரும்பிவிடலாம். களைத்தால் நிறுத்திவிடலாம். 2025 முதல் பொது ஓட்டங்களில் மோட்டார் சைக்கிள்களை அனுமதிப்பதில்லை. பாதுகாப்புக்காக எடுத்த முடிவு அது. கார்களுக்கும் அந்த முடிவு வராமலிருப்பது, இன்று அந்த நுழைவாயிலில் வரிசையில் நிற்பவர்கள் எவ்வளவு நிதானமாகக் கற்றுக்கொள்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.