குறியீடும் ஒரு அங்குல மீனும்

நம் விமர்சனத்தில் 'குறியீடு' என்ற சொல் புழக்கத்துக்கு வந்த நாளிலிருந்து எந்தப் பிராணியும் வெறும் பிராணியாக இருக்க முடியாமல் போய்விட்டது. காக்கை வந்தால் பித்ரு. பல்லி வந்தால் விதி. கூண்டில் கிளி இருந்தால் ஆன்மா, அல்லது மத்தியதர வர்க்கத்துப் பெண். நானும் இந்தத் தொழிலில் இருப்பவன்தான். ஆனால் மூன்று வருஷமாக என் வீட்டு முன்னறையில் இருக்கும் மூன்று மீன்கள், இந்தத் தொழிலில் எது விடுபட்டுப்போகிறது என்று என்னை யோசிக்க வைத்திருக்கின்றன. மீன் வளர்ப்புக்கும் இந்தப் பத்திரிகைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் நத்தையைப் பற்றிய பகுதி வரையாவது பொறுமை காட்ட வேண்டும்.

மீன் பேத்தை ஜாதி. கடற்கரைக்காரர்களுக்குப் பேத்தையைத் தெரியும். வலையில் வந்தால் வயிற்றை உப்பிக்கொண்டு கிடக்கும். விஷம் என்று தூக்கி எறிவார்கள். நான் சொல்வது அதன் ஆற்று உறவு. பிறப்பிலிருந்து சாவு வரை நன்னீரிலேயே இருப்பது. நன்றாக வளர்ந்தது ஒரு அங்குலம், கொஞ்சம் கூடவும் இருக்கலாம். பச்சையும் மஞ்சளும் கலந்த உடம்பு, அதில் கரும்புள்ளிகள். கேரளத்து ஆறுகளையும் தெற்குக் கர்நாடகத்தையும் விட்டால் உலகில் வேறெங்கும் இயல்பாகக் கிடையாது. மலையாளத்தில் ஆற்றுண்ட என்கிறார்கள். ஆறும் உண்டையும் நமக்கும் சொந்தச் சொற்கள். எனவே ஆற்றுண்டை என்றே எழுதுகிறேன்.

விஞ்ஞானப் பெயர் கரினோடெட்ராடன் ட்ராவன்கோரிக்கஸ். பம்பையில் கிடைத்த மீனை வைத்து 1941-ல் சுந்தர்லால் ஹோராவும் கே. கே. நாயரும் இதை விவரித்தபோது அந்த ஆறு திருவிதாங்கூர் ராஜ்யத்தில் ஓடியது. நான் இருக்கும் நாகர்கோவிலும் அன்று அதே ராஜ்யம். 1949-ல் திருவிதாங்கூர் கொச்சியோடு சேர்ந்தது. 1956 நவம்பரில் எங்கள் ஜில்லா இந்தப் பக்கம் வந்தது. ராஜ்யம் போய்விட்டது, ஒரு அங்குல மீனின் பெயரில் மட்டும் நீந்திக்கொண்டிருக்கிறது. பார்த்தீர்களா, இங்கேயே குறியீடு தலை நீட்டிவிட்டது. எல்லை, அடையாளம், இழப்பு எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஒரு கவிதைக்கு ஆகும். மீனுக்கு ஆகாது. பெயர் வைத்தவர்கள் கிடைத்த இடத்தைக் குறித்தார்கள், அவ்வளவுதான்.

என் வீட்டுக்கு வருகிற நண்பர்களில் பெரும்பாலோர் எழுதுகிறவர்கள். தொட்டியின் முன் நின்ற ஐந்தாவது நிமிஷம் ஒவ்வொருவருக்கும் ஒரு அர்த்தம் கிடைத்துவிடும். "ஓய், கண்ணாடிக்குப் பின்னால உக்காந்து வாறவனை முறைக்கிற வேலை உமக்கும் அதுக்கும் ஒண்ணுதானே" என்றார் ஒரு கவிஞர். வங்கிக் குமாஸ்தாவைப் பார்த்து இதைச் சொல்ல அதிக கற்பனை வேண்டியதில்லை என்றாலும் நன்றாகவே சிரித்தோம். இன்னொருவர் கோர்த்தஸாரின் 'ஆக்ஸலாட்ல்' கதையை நினைவுபடுத்தினார். பாரிஸ் மிருகக்காட்சிச் சாலைத் தொட்டியில் ஆக்ஸலாட்லை நாள்தோறும் பார்க்கப் போகிறவன் கடைசியில் கண்ணாடிக்கு உள்ளே இருந்து வெளியே பார்க்கிறான். பெரிய கதை, சந்தேகமில்லை. ஆனால் மீன் வளர்க்கத் தொடங்கிய பிறகு அதை மறுபடி படித்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. அந்தக் கதையில் காவல்காரன் உண்டு. தண்ணீர் மாற்றுகிறவன் இல்லை. பார்வை ஒன்றே போதும், பார்க்கப்படுவது தானாக உயிரோடு இருந்துகொள்ளும் என்பது அதன் அனுமானம். நம் குறியீட்டு வாசிப்பின் அனுமானமும் இதுவே.

இந்த மீன் பார்க்கிறது என்பது உண்மை. கண்கள் இரண்டும் தனித்தனியே சுழலும். ஒரு கண் என்மீதும் மற்றது மணல்மீதும் இருக்க, இருந்த இடத்திலேயே நிற்கும். முதுகுத் துடுப்பும் பக்கத் துடுப்புகளும் தேன்சிட்டின் இறகுபோல் அதிர்ந்துகொண்டிருக்கும். வால் பெரும்பாலும் திசை மாற்ற மட்டும். நான் அறைக்குள் வந்தால் மூன்றும் கண்ணாடி அருகே வந்துவிடுகின்றன. என் மனைவி வந்தாலும் வருகின்றன. ஆனால் இதில் ரகசியம் இல்லை. சாப்பாடு கொண்டுவருகிறவன் எவன் என்று அதற்குத் தெரியும். அந்த அறிதலுக்கு மேல் நாம் ஏற்றும் சோகமும் விசாரணையும் நம்முடைய சரக்கு.

சாப்பாட்டில்தான் விஷயம் தொடங்குகிறது. கடையில் விற்கிற உலர்ந்த மீன் உணவை ஆற்றுண்டை அநேகமாகத் தொடாது. தூவினால் ஒரு கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். இது தெரியாத கடைகளில் வயிறு ஒட்டிப்போய் நிற்கும் ஆற்றுண்டைகளைப் பார்த்திருக்கிறேன். அதற்கு அசைகிற இரை வேண்டும்: கொசுப்புழு, ரத்தப்புழு, எல்லாவற்றுக்கும் மேலாக நத்தை. பேத்தைகளுக்குப் பற்கள் நான்கு தகடுகளாக இணைந்து கிளிமூக்குப்போல் இருக்கும். டெட்ராடன் என்ற சொல்லின் பொருளே நாற்பல் என்பதுதான். அது வளர்ந்துகொண்டே இருக்கும்; ஓட்டைக் கடிப்பதில் தேயும்.

எனவே மீன் வளர்க்க வேண்டுமென்றால் நத்தை வளர்க்க வேண்டும். பின்கட்டில் ஒரு பிளாஸ்டிக் வாளி இருக்கிறது. அதில் கொஞ்சம் பாசி. வாரத்துக்கு இரண்டு தரம் வெள்ளரிக்காய்த் துண்டு, கீரைத் தண்டு. செடியோடு ஒட்டி வந்த நாலைந்து நத்தைகள் ஓரிரு மாதத்தில் எண்ண முடியாமல் பெருகிவிட்டன. ஓடு உறுதியாக இருக்க முட்டையோட்டைப் பொடித்துப் போடுகிறேன். உடைக்கப்படப் போகிற ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து. சுத்த சைவமான என் அம்மா வாளியை ஒருநாள் எட்டிப் பார்த்தாள். "கொல்லதுக்குன்னே ஒரு வாளி வளக்கியாக்கும்?" என்றாள். குரலில் கண்டனம் இல்லை. விவரம் கேட்டாள். ஆமாம் என்றேன். வெள்ளரிக்காயைத் தோல் சீவாமல் போடச் சொல்லிவிட்டுப் போனாள்.

நத்தையை விட்டதும் மீன் உடனே பாய்வதில்லை. சுற்றி வரும். முதலில் ஒரு கண்ணால், பிறகு மறு கண்ணால் பார்க்கும். வாலை லேசாக மடக்கிக்கொண்டு நிற்கும். நத்தை ஓட்டுக்குள்ளிருந்து மெல்லத் தலையை நீட்டும் நேரம் வரை காத்திருக்கும். பிறகு ஒரு வெட்டு. சிறிய நத்தையானால் ஓடு உடைகிற சத்தம் சில சமயம் வெளியே கேட்கும். வயிறு உப்பி, மீன் ஒரு செடிக்கடியில் போய்ப் படுத்துவிடும். காலி ஓடுகள் மணலில் கிடக்கும். வாரம் ஒருமுறை பொறுக்குகிறேன்.

மூன்று வருஷத்தில் முன்னறைக்கு வந்த எந்த எழுத்தாளரும் பின்கட்டுக்குப் போய் வாளியைப் பார்க்கவில்லை. இதைப் புகாராகச் சொல்லவில்லை. வாளிக்குக் கண்ணாடி கிடையாது, விளக்குக் கிடையாது. நத்தை திரும்பிப் பார்க்காது. ஆனால் முன்னறை மீனின் ஒவ்வொரு பார்வைக்கும் பின்கட்டு வாளி பொறுப்பாளி. குறியீடாக்கப்பட்ட மீனுக்குப் பசி கிடையாது; ஆகவே அதற்கு வாளியும் தேவையில்லை. ஒரு பொருளைக் குறியீடாக்கும்போது நாம் முதலில் துண்டிப்பது அது எதைத் தின்று உயிரோடு இருக்கிறது என்ற கேள்வியைத்தான்.

தண்ணீரும் இப்படித்தான். தொட்டி இரண்டடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம். ஐம்பத்தைந்து லிட்டர் பிடிக்கும். மீனின் கழிவிலிருந்து அமோனியா வருகிறது. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், மற்றொருவகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் மீனைக் கொல்லும். மூன்றாவது அளவு மீறாதவரை பொறுத்துக்கொள்ளும். இந்த பாக்டீரியா வடிகட்டியின் ஸ்பாஞ்சிலும் மணலிலும் குடியேற ஒரு மாதத்துக்குக் குறையாமல் ஆகும். அதுவரை, மீன் இல்லாத தொட்டியில் மோட்டாரை ஓடவிட்டுக் காத்திருந்தேன். காலித் தொட்டியை ஆறு வாரம் அலங்காரமாக வைத்திருப்பதாகப் பக்கத்து வீட்டில் நினைத்தார்கள். இன்றும் வாரம் ஒருமுறை சோதனைக் குப்பியில் துளி விட்டு நிறம் பார்க்கிறேன். அமோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம். அன்றைய கணக்கு நேரான பிறகு எழுந்துகொள்கிற குமாஸ்தாவின் திருப்தி இதில் இருக்கிறது. பிறகு கால்வாசித் தண்ணீரை எடுத்து, குளோரின் நீங்கிய புதுத் தண்ணீர் ஊற்றுகிறேன். செதில் இல்லாத தோல், கெட்ட தண்ணீரைத் தாங்காது.

மூன்றில் ஒன்று ஆண், இரண்டு பெண். ஆணுக்கு வயிற்றில் கறுப்புக் கோடும் கண்ணுக்குப் பின்னால் சுருக்கங்களும் உண்டு. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு மூலை வைத்திருக்கும். எல்லை தாண்டினால் துடுப்பைக் கடிக்கும். இரண்டு ஆண்களைச் சிறிய தொட்டியில் விட்டால் ஒன்று மிஞ்சாமல் போகலாம். இதற்குப் பரிகாரம், ஒன்றின் கண்ணில் மற்றது எப்போதும் படாதபடி வேலம்பாசியையும் கட்டைகளையும் நெருக்கி வைப்பது. இந்த இடத்தில் சிறுபத்திரிகைகளைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதுவேன் என்று எதிர்பார்ப்பீர்கள். எழுதப்போவதில்லை.

குறியீட்டை இவ்வளவு தூரம் எதிர்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2005-க்கும் 2012-க்கும் இடையில், அழியும் அபாயமுள்ள 30 நன்னீர் மீன் இனங்களில் குறைந்தது 15 லட்சம் மீன்கள் அலங்கார மீனாக இந்தியாவிலிருந்து ஏற்றுமதியாயின என்று 2013-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதில் பெரும்பங்கு வகித்த சில இனங்களில் ஆற்றுண்டையும் ஒன்று. வெளிநாட்டுத் தொட்டிகளில் இதற்குப் பட்டாணிப் பேத்தை என்று செல்லப் பெயர். பட்டாணி தோட்டத்தில் விளையும். இது பெரும்பாலும் ஆற்றில் அள்ளப்படுவது. ஆற்று மணலை வாரியாகிவிட்டது, கரையை நெருக்கியாகிவிட்டது, நீரில் பூச்சிமருந்து கலந்தாகிவிட்டது. அதற்கு மேல் வலையும். நான் வாங்கிய மூன்றும் பாலிதீன் பையில் கேரளத்திலிருந்து வந்தவை என்று கடைக்காரர் சொன்னார். பம்பையில் மூன்று குறைந்தால் ஆறு வற்றிவிடாது. ஆனால் பதினைந்து லட்சம் என்பது மூன்று மூன்றாகச் சேர்ந்ததுதான்.

இதற்கு மேடையில் சொல்லும்படியான பதில் என்னிடம் இல்லை. வைத்திருப்பவன் நன்றாக வைத்திருக்க வேண்டும். இனிக் கேட்பவனுக்கு ஆற்றிலிருந்து வராத மீனைக் கொடுக்க வேண்டும். இவ்வளவுதான் என்னால் முடிந்த இடம். போன வருஷம் ஜாவா பாசியில் முட்டைகள் கிடைத்தன. ஒரு மில்லிமீட்டர் இருக்கும், நிறமில்லாதவை. பெரிய மீன்கள் தின்றுவிடும் என்பதால் பாசியோடு வேறு பாத்திரத்துக்கு மாற்றினேன். ஐந்தாம் நாள் பொரித்தன. முதலில் வாழைத்தோல் ஊறிய நீரில் உண்டாகும் நுண்ணுயிர், பிறகு ஆர்ட்டீமியா, பிறகு ஊசிமுனை அளவு குட்டி நத்தைகள். நான்கு தேறின.

அவற்றில் மூன்றை அந்தக் கவிஞர் கேட்டார். ஏதாவது எழுதத் தோன்றும் என்றார். முதலில் நத்தை வாளியில் பாதியைக் கொடுத்து அனுப்பினேன். அவர் வீட்டுத் தொட்டித் தண்ணீர் பூஜ்யம் காட்டிய பிறகு, ஆறாவது வாரம், மீனைக் கொடுத்தேன். கவிதை வந்ததா என்று நான் கேட்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை போன் செய்தார். வாளியில் நத்தை ஏன் பெருகவில்லை, வெள்ளரிக்காய்க்குப் பதில் சுரைக்காய் போடலாமா என்று கேட்டார். போடலாம் என்றேன்.