சந்தவாசல் பக்கத்துப் பாரதக் களம்

வேலூரிலிருந்து கண்ணமங்கலம் வழியாய்ப் போளூருக்குச் செல்லும் யாத்திரிகர் சந்தவாசலை அடைந்ததும், மேற்கே ஜவ்வாது மலைத்தொடர் நீலத் திரைபோல் எழுந்து நிற்பதைக் காண்பர். இங்கே இறங்குவோரில் பலர் படவேட்டு ரேணுகாம்பாளைத் தரிசிக்கச் செல்பவர். 14-ஆம் நூற்றாண்டில் சம்புவராய மன்னரின் தலைநகராய் விளங்கிய படைவீடு அவ்வூரே. ஆயினும் சித்திரை முதல் ஆடி வரை இச்சீமையில் சஞ்சரிப்போர் காணத்தக்க வேறொரு காட்சியும் உண்டு. திரௌபதி அம்மன் கோயில்களில் நடைபெறும் பாரத உத்ஸவமே அது.

லண்டன் மாநகரில் 1977-ஆம் வருஷம் தொடங்கி 2023 வரை மௌன நாடகத்துக்கும் காட்சி நாடகத்துக்குமென்றே ஒரு சர்வதேச விழா நடந்து வந்தது. வாய்ச்சொல்லை நம்பாமல் உடலாலும் உருவங்களாலும் கதையை நடத்துவது அதன் சிறப்பு. அதைக் கேட்டு வியக்கும் நாம், அத்தகைய கலையை நம் குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாய் ஏரிக்கரையிலும் வயல்வெளியிலும் போற்றி வருவதை நினைப்பதில்லை.

பாரதத்தைக் கோயிலில் வைத்து ஜனங்களுக்குச் சொல்லும் வழக்கம் மிகப் பழையது. 7-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பல்லவன் முதலாம் பரமேசுவரவர்மன் அளித்த கூரம் செப்பேடு, மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கு மானியம் விட்டதைக் கூறுகின்றது. இன்றும் பிற்பகலில் வில்லிபாரதப் பிரசங்கம் நடக்க, இரவில் தெருக்கூத்து விடியும்வரை நடக்கின்றது. பகலில் காதால் கேட்டதை இரவில் கண்ணால் காண்கிறார்கள். மரத்திற் செய்த கிரீடமும் புஜகீர்த்தியும் தரித்து, முகத்தில் அரிதாரம் பூசி, இருவர் பிடித்த திரைக்குப் பின்னிருந்து வேஷக்காரர் வெளிப்படும்போது, அவர் வாய் திறக்குமுன்பே இன்னார் என்று சிறு குழந்தையும் சொல்லிவிடும்.

இவ்வுத்ஸவத்தின் சிகரம் கடைசி நாட் காலையில் நிகழும் படுகளம். களத்தில் மண்ணால் மிகப் பெரிய துரியோதனன் உருவம் மல்லாந்து கிடக்கும். வீமனும் துரியோதனனும் அதைச் சுற்றிச் சுற்றி ஓடிப் பொருவர். முடிவில் கதாயுதம் மண் தொடையில் இறங்கும். அதனின்று செந்நீர் பெருகும். அதன்பின்னரே பாஞ்சாலியின் அவிழ்ந்த கூந்தல் முடிக்கப்படும். இத்தனைக்கும் வசனம் சிறிதே. கண்டவர் கண்களில் நீர் பெரிது. மாலையில் பக்தர்கள் தீமிதிப்பர். அத்துடன் மண்ணுருவமும் மண்ணோடு மண்ணாகும். மறு உத்ஸவத்துக்கு மீண்டும் புதிதாய்ப் பிசைந்தாக வேண்டும்.

தமிழர் சென்ற இடமெல்லாம் இவ்வம்மனும் சென்றாள். சிங்கப்பூரிலும், ஈழத்து உடப்பிலும் அவளுக்குத் தீமிதி உண்டு. செய்யாற்றுப் பக்கத்துப் புரிசைத் தம்பிரான் பரம்பரையினர் கூத்தைக் கடல்கடந்தும் ஆடிக் காட்டினர். லண்டன் விழா பிறந்த அதே 1977-ல் ந. முத்துசாமி சென்னையில் கூத்துப்பட்டறையை நிறுவி, நவீன நாடகத்துக்கு இக்கலையையே உரமாக்கினார்.

இவ்வளவு பெருமையும் பேசியபின் ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 1912-ல் பாரதியார் பாஞ்சாலி சபதத்தின் முதற்பாகத்தை வெளியிட்டபோது, சபையில் நீதி கேட்ட அப்பெண்ணிடத்தில் பாரத தேவியையே கண்டார். 1939-ல் வைத்தியநாதய்யர் ஹரிஜன சகோதரர்களை அழைத்துக்கொண்டு மதுரை மீனாக்ஷி ஆலயத்துள் புகுந்தார். அதற்கு 84 வருஷங்களுக்குப் பின், 2023-ல், விழுப்புரத்தை அடுத்த மேல்பாதியில் அதே திரௌபதி அம்மனின் கோயில், தலித் மக்கள் உள்ளே வருவது பற்றி எழுந்த தகராறினால் அதிகாரிகளால் பூட்டி முத்திரையிடப்பட்டது! சபை நடுவே நியாயம் கேட்டவளின் வாசலிலேயே நியாயம் காத்து நிற்க நேர்ந்தது.

படுகளத்துக்குச் சுவரில்லை, கதவுமில்லை. வானமே கூரை. மண் தொடையில் அடி விழும் அந்தக் கணத்தில் சுற்றி நிற்கும் அத்தனை பேருக்கும் மயிர்க்கூச்செறிகின்றது. அப்போது யார் எந்தத் தெரு என்று எவரும் கேட்பதில்லை. களத்தில் ஒன்றாய் நின்ற ஜனங்கள் கருவறை முன்னும் ஒன்றாய் நிற்கும் நாளே பாஞ்சாலியின் கூந்தல் மெய்யாகவே முடிக்கப்படும் நாள். ஜவ்வாது மலையடிவாரம் செல்லும் அன்பர்கள் ஒருமுறை அக்களத்தில் நின்று பார்த்து வரட்டும். நாம் எழுதியதற்கு மேலாக அம்மண்ணே அவர்களுக்கு எடுத்துச் சொல்லும்.