அப்பாவின் மீட்டரும் அம்மாவின் துணி கிளிப்பும்!

அப்பாவுக்கும் பார்ட்ஸ் கடை மாமாவுக்கும் சண்டை வந்ததற்குக் காரணம் நான்தான். சரியாகச் சொன்னால், நான் அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்த மீட்டர்.

அப்பா திண்டுக்கல்லில் டி.வி மெக்கானிக். டயனோரா, சாலிடேர் காலத்தில் தொடங்கி இப்போது எல்.இ.டி. வரை வந்துவிட்டார். வேலைக்குச் சேர்ந்த பிறகு அவருக்கு ஏதாவது வாங்கித்தர வேண்டும் என்று ஆசை. சட்டை எடுத்தால் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார். அதனால் கையடக்க எல்.சி.ஆர். மீட்டர் ஒன்றை ஆன்லைனில் ஆர்டர் செய்தேன். காயில், கண்டன்சர், ரெசிஸ்டர் மூன்றையும் அளக்கும் கருவி. அப்பாவின் பழைய மல்டிமீட்டருக்குத் தெரியாத ஒரு விஷயம் இதற்குத் தெரியும். கண்டன்சரின் இ.எஸ்.ஆர்., அதாவது உள்ளுக்குள் மறைந்திருக்கும் ரெசிஸ்டன்ஸ். டி.வி-யின் பவர் சப்ளை போர்டில் கண்டன்சர் உப்பாமல், பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் உள்ளே காய்ந்து இ.எஸ்.ஆர். ஏறியிருக்கும். டி.வி ஆன் ஆகாது, இல்லையென்றால் ஆன் ஆகி ஆகி அணையும்.

பெட்டியைப் பிரித்து, கூடவே வந்த வயரைச் சொருகி, "இந்தாங்கப்பா" என்று கொடுத்துவிட்டுச் சென்னைக்கு பஸ் ஏறிவிட்டேன். மேனுவலைப் பிரிக்கக்கூட இல்லை. தினமும் பத்து செய்தி எழுதித் தள்ளும் டிஜிட்டல் டெஸ்க் ஆளுக்குப் பொறுமை அவ்வளவுதான்.

இரண்டு மாதம் கழித்து அம்மா போன் செய்தார். "ஒங்க அப்பாவும் மாமாவும் பேசிக்கிறதில்லடி."

மாமா என்றால் சொந்த மாமா இல்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் எலெக்ட்ரானிக்ஸ் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவர். அப்பாவும் அவரும் 28 வருஷமாக ஒருவரையொருவர் "மாப்ள" என்று கூப்பிட்டுக்கொள்பவர்கள். என் காதுகுத்துக்கு மொய் எழுத உட்கார்ந்தவர். அவரிடம் அப்பா 10 கண்டன்சர் வாங்கியிருக்கிறார், 470 எம்.எஃப்.டி., 25 வோல்ட். புது மீட்டரில் சிலவற்றை வைத்துப் பார்த்தால் 0.29, 0.31 ஓம் என்று காட்டியிருக்கிறது. அந்த ரகத்துக்கு 0.05 ஓம் பக்கம்தான் இருக்க வேண்டும். மார்க்கெட்டில் போலி கண்டன்சர் நிறைய உலவுகிறது என்பது அப்பாவுக்குத் தெரியும். நேராகக் கடைக்குப் போய், நாலு பேர் நிற்கும்போது பொட்டலத்தை டேபிளில் வைத்து, "டூப்ளிகேட் சரக்க என் தலையிலேயே கட்டுறியா மாப்ள?" என்று கேட்டுவிட்டார்.

அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போனேன். அப்பா மாமாவைப் பற்றிப் பேசவே இல்லை. மீட்டரை மட்டும் காட்டினார், சாட்சியைக் காட்டுவதுபோல.

எனக்கு அதில் ஒன்றும் தெரியாது. பேச்சுக்கு, "வேற எதையாவது அளந்து பாருங்கப்பா" என்றேன். டப்பாவைக் கிளறி, வெள்ளை சிமென்ட் உடம்புடன் இருந்த பழைய ரெசிஸ்டர் ஒன்றை எடுத்தார். ஆம்ப்ளிஃபயரில் போடுவது. மேலேயே 0.22 ஓம் என்று எழுதியிருந்தது. மீட்டர் 0.46 காட்டியது.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இது நான் தொழிலுக்கு வந்த புதுசுல வாங்குனது பாப்பா. இது டூப்ளிகேட்டா இருக்காதே."

ஏதோ தோன்றி, ரெசிஸ்டரை எடுத்துவிட்டு இரண்டு கிளிப்பையும் ஒன்றோடொன்று கவ்வ வைத்தார். நடுவில் எதுவுமே இல்லை. மீட்டர் 0.24 என்றது.

0.46-ல் 0.24 போனால் 0.22. கணக்கு மனசுக்குள் ஓடி முடிந்தபோது அப்பா முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. கண்டன்சர்கள் நன்றாகத்தான் இருந்திருக்கின்றன. மீட்டர் கண்டன்சரோடு சேர்த்து வயரையும் கிளிப்பையும் அளந்திருக்கிறது.

காய்கறி விலை கேட்டால் பஸ் காசையும் சேர்த்துச் சொல்வதுபோல. நகை வாங்கப் போனால் பஸ் காசு ஒரு பொருட்டே இல்லை. நூறு ஓம், ஆயிரம் ஓம் அளக்கும்போது இந்தக் கால் ஓம் கண்ணுக்கே தெரியாது. கொத்தமல்லிக் கட்டு வாங்கப் போனால் பஸ் காசுதான் பெரிசு.

அன்று ராத்திரி மேனுவலைப் படித்தேன். கிளிப்புகளைச் சேர்த்துப் பிடித்து ஒரு பட்டனை அழுத்தினால் வயரின் ரெசிஸ்டன்ஸை மீட்டரே கழித்துக்கொள்ளுமாம். காலையில் செய்தோம். 0.00 வந்தது. சிமென்ட் ரெசிஸ்டரும் 0.22 என்று சொன்னது. "அவ்வளவுதானா!" என்றார் அப்பா. கிளிப்பை எடுத்து மறுபடி மாட்டினோம். 0.27. மறுபடி. 0.19. கிளிப் எவ்வளவு இறுக்கமாகக் கவ்வுகிறது, பல்லில் அழுக்கு இருக்கிறதா என்பதைப் பொறுத்து ஒவ்வொரு முறையும் மாறுகிறது. வயரைக் கழிக்கலாம். மாறிக்கொண்டே இருக்கும் கடியை எப்படிக் கழிப்பது? 0.05-ஐ அளக்க வேண்டிய இடத்தில் இந்த ஆட்டம் ஆகாது.

இதற்கு வழி கண்டுபிடித்தவர் நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய ஆள். வில்லியம் தாம்சன். 1824-ல் பெல்ஃபாஸ்ட்டில் பிறந்தவர், கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். அட்லான்டிக் கடலுக்கு அடியில் தந்தி கேபிள் போட்ட வேலையில் முக்கியமான மூளை. மிகச் சிறிய ரெசிஸ்டன்ஸை அளக்க 1860-களில் ஒரு முறையை உருவாக்கினார். பின்னாளில் பிரபு பட்டம் கிடைத்தபோது, பல்கலைக்கழகத்தின் அருகில் ஓடும் கெல்வின் ஆற்றின் பெயரை வைத்துக்கொண்டார். பள்ளியில் வெப்பநிலைக்குப் படித்தோமே, அந்த கெல்வின் இவர்தான்.

அவர் யோசனை எளிமையானது. கரன்ட் அனுப்ப இரண்டு வயர், வோல்டேஜ் பார்க்க வேறு இரண்டு வயர். மீட்டர் ஒரு சின்ன கரன்ட்டை அனுப்பி, எவ்வளவு வோல்டேஜ் விழுகிறது என்று பார்த்துத்தான் ரெசிஸ்டன்ஸைச் சொல்கிறது. அனுப்பிய வயரிலேயே பார்த்தால் அந்த வயரில் விழுந்ததும் கணக்கில் சேரும். பார்க்கிற வயர் தனியாக இருந்தால், அதில் கரன்ட் கிட்டத்தட்ட ஓடுவதே இல்லை. ஓடாத இடத்தில் நஷ்டமும் இல்லை. பொருளின் காலைத் தொடும் இடத்தில் என்ன இருக்கிறதோ, அது மட்டும் வந்து சேரும்.

இதைப் படித்தபோது கொஞ்சம் உறுத்தியது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், தகவல் கொடுத்தவரிடமே "இது உண்மைதானே சார்?" என்று கேட்டு, "கிராஸ் செக் பண்ணிட்டேன்" என்று எடிட்டரிடம் சொல்லி ஒரு செய்தி போட்டேன். மறுநாள் திருத்தம் போட வேண்டியதாயிற்று. அது இன்னொரு கதை.

எங்கள் மீட்டரிலேயே நாலு வயருக்கு வசதி இருந்தது. வயர் சொருகும் பள்ளம் ஒவ்வொன்றிலும் இடது, வலது என்று இரண்டு தனித்தனித் தகடுகள். ஒன்று அனுப்ப, ஒன்று பார்க்க. கூட வந்த வயரின் முனையில் ஒரே தகடு என்பதால் இரண்டையும் சேர்த்துவிடுகிறது. ஆக, நாலு வயர் மீட்டரை இரண்டு வயராக்கி அப்பா கையில் கொடுத்திருக்கிறேன்.

ரெடிமேடாக கெல்வின் கிளிப் வயர் கிடைக்கும். வர ஒரு வாரம் ஆகும். "ஒரு வாரமா?" என்ற அப்பா, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை கடை எங்கள் வீட்டுத் திண்ணையில்.

முதல் பிரச்னை கிளிப். சாதாரண குரோகடைல் கிளிப்பில் மேல் தாடை, கீழ் தாடை இரண்டும் ஒரே உலோகம். நமக்கு வேண்டியது ஒரு தாடையில் ஒரு வயர், மறு தாடையில் இன்னொரு வயர். இரண்டும் கிளிப்புக்குள் தொடக்கூடாது. அப்பா அண்ணாந்து பார்த்தார். மொட்டைமாடிக் கொடியில் அம்மாவின் புடவை, அதில் நீல பிளாஸ்டிக் துணி கிளிப்.

"அதத் தொட்டீங்கன்னா பாருங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அதற்குள் இரண்டு கிளிப் இறங்கிவிட்டது.

மெல்லிய பித்தளைத் தகட்டை விரல் நகம் அகலத்துக்கு வெட்டி, ஒவ்வொரு தாடையின் உள்பக்கமும் அரால்டைட் வைத்து ஒட்டினோம். ஸ்பிரிங் பின்னால் இருப்பதால் தகட்டைத் தொடாது. காய்ந்த பிறகு நடுவில் ஒரு துண்டுப் பேப்பரைக் கடிக்க வைத்து மல்டிமீட்டரில் பார்த்தோம். பீப் வரவில்லை என்றால் சரி.

மீட்டரில் சொருகும் முனைக்கு, இரண்டு பக்கமும் செம்பு உள்ள பி.சி.பி. அட்டையை ஹாக்சா பிளேடால் அறுத்தோம். ஒரு பக்கம் அனுப்பும் வயர், மறுபக்கம் பார்க்கும் வயர், நடுவில் அட்டையே தடுப்பு. ஓரத்தில் செம்புப் பிசிறு நின்று இரண்டு பக்கத்தையும் சேர்த்துவிடும் என்பதால் உப்புத்தாள் வைத்துத் தேய்க்கச் சொன்னார். அரை மணி நேரம் தேய்த்தேன்.

வயருக்கு மைக்கில் போடும் ஷீல்டு வயர், ஒன்றரை அடி அளவில் நாலு துண்டு. வெளியே உள்ள வலைக்கம்பியை மீட்டர் பக்கம் மட்டும் ஒன்றாகச் சேர்த்து, மீட்டரின் நடுவில் உள்ள கார்டு தகட்டுக்குக் கொடுக்க வேண்டும். கிளிப் பக்கம் வெட்டி ஸ்லீவ் போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் வயர்கள் ஒன்றின் சங்கதியை இன்னொன்று ஒட்டுக்கேட்கும்.

ஈயம் வைத்தது நான். அப்பாவுக்கு இப்போது கிட்டப் பார்வை சரியாக இல்லை. அதை அவர் சொல்லவில்லை. "நீ கத்துக்க" என்று மட்டும் சொல்லி சால்டரிங் அயர்னைக் கையில் கொடுத்தார். முதல் இணைப்பிலேயே அயர்னை வைத்தபடி யோசித்துக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்த பிளாஸ்டிக் உருகி, நடுக்கம்பி வலையைத் தொட்டு ஷார்ட். வெட்டிப் போட்டுவிட்டு மறுபடி. இந்த முறை அப்பா நோஸ் பிளையரால் வயரைப் பிடித்துக்கொண்டார். சூடு பிளையருக்குப் போய்விடும், பிளாஸ்டிக் தப்பிக்கும். "வெச்சவுடனே எடுத்துரணும். தோசைக் கல்லுல தண்ணி தெளிக்கிற நேரந்தான்." எட்டு இணைப்பு முடிக்க மத்தியானச் சாப்பாடு மூன்றரை மணிக்குப் போய்விட்டது.

மறுபடி பூஜ்யம் வைத்து சிமென்ட் ரெசிஸ்டரைக் கவ்வினோம். 0.22. எடுத்துவிட்டு மாட்டினோம். 0.22. அப்பா கிளிப்பை லேசாக ஆட்டிப் பார்த்தார், வேண்டுமென்றே கோணலாக மாட்டினார். 0.22. எண் அசையவே இல்லை. பிறகு கடையில் மிச்சம் கிடந்த பழைய கண்டன்சர் ஒன்று, மாமா கடையில் போன வருஷம் வாங்கியது. 0.05.

அப்பா மீட்டரை அணைத்தார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மஞ்சப்பையைத் தேடினார்.

மாமா கடையில் மூன்று பேர் நின்றிருந்தார்கள். அவர் எங்களைப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் பில் போட்டார். அப்பா மீட்டரை டேபிளில் வைத்தார்.

"தப்பு என் வயர்ல மாப்ள."

மாமா நிமிரவில்லை. "வயருக்கு வாயா இருந்துச்சு? நீதானய்யா சொன்ன."

நான் கெல்வினைப் பற்றி ஏதோ ஆரம்பிக்கப் போனேன். அப்பா என் கையைத் தட்டி நிறுத்தினார். நின்றிருந்தவர்கள் பக்கம் திரும்பி, "அன்னிக்கு நாலு பேரு முன்னாடி இவன் சரக்க டூப்ளிகேட்டுன்னு சொன்னேன். சரக்கு சரியாத்தான் இருக்கு. நாந்தான் சரியா அளக்கல" என்றார். பல்பு ஹோல்டர் வாங்க வந்த ஒருவர், என்ன சொல்வதென்று தெரியாமல் "சரிங்கண்ணே" என்றார்.

மாமா மேசைக்கு அடியில் குனிந்து, அப்பா திருப்பிக் கொடுத்த அதே பொட்டலத்தை எடுத்து வைத்தார். பிரிக்கவே இல்லை. யாருக்கும் விற்கவும் இல்லை.

ஒவ்வொன்றாக அளந்தோம். 0.05, 0.04, 0.05. ஒன்பது வரை அப்படித்தான். பத்தாவது 0.90 காட்டியது. அப்பா கிளிப்பை எடுத்து மாட்டினார். 0.90. யாரும் பேசவில்லை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

மாமாதான் கேட்டார். "இதுவும் வயரா?"

"இல்ல மாப்ள. இது நெசமாவே போனது."

மாமா அதை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுக் குப்பைக் கூடையில் போட்டார். பிறகு துணி கிளிப்பை முதன்முதலாகக் கவனித்தார். "என்னய்யா இது, தங்கச்சி துணி கிளிப்ப அறுத்துட்டியா?" என்று கேட்டுக்கொண்டே, பின்னால் இருந்த கண்டன்சர் டிராயரை முழுசாக உருவி டேபிளில் வைத்தார். "ஒக்காரு. எல்லாத்தையும் பாத்துரு."

வீடு திரும்பும்போது மணி பத்தரை. மொட்டைமாடியில் அம்மாவின் புடவை, கிளிப் இருந்த இடத்தில் அரைச் செங்கல் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. மாமாவும் இரண்டு கிளிப் கேட்டிருக்கிறார் என்பதை அப்பா இன்னும் அம்மாவிடம் சொல்லவில்லை.