தபாலட்டையில் நின்ற பாலம்

மனிதர் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பித்து உண்டு. சிலர் முத்திரை சேர்ப்பர்; சிலர் பழைய நாணயம் சேர்ப்பர். எங்கள் அயலில் ஒருவர் ஓடாத மணிக்கூடுகளைச் சேர்த்து வைத்திருக்கிறார். எனக்கு வாய்த்த பித்து படத் தபாலட்டை. அதிலும் உலக மரபுரிமைத் தலங்களின் படம் தாங்கிய அட்டை என்றால் உணவும் மறந்துபோகும். "சோறு ஆறுகிறது, அட்டையைப் பார்த்தால் பசி தீருமோ?" என்று வீட்டில் கேட்பதும், நான் சிரித்துக்கொண்டே எழுந்து செல்வதும் நாளாந்த வழக்கம்.

1972ஆம் ஆண்டு நவெம்பர் மாதம் பாரிஸ் நகரிலே கூடிய யுனெஸ்கோ பொதுமாநாடு, உலகத்தின் அரிய தலங்களை மனிதகுலம் முழுவதும் சேர்ந்து காக்கவேண்டும் என்று ஓர் உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. 1978இல் முதன்முதலாக 12 தலங்கள் பட்டியலில் இடம்பெற்றன. இன்று அத்தொகை 1,200ஐத் தாண்டிவிட்டது. அவற்றுள் எட்டு நம் இலங்கையில் உள்ளன. அநுராதபுரம், பொலனறுவை, சீகிரியா ஆகிய மூன்றும் 1982இலேயே அப்பெருமையைப் பெற்றன. தஞ்சைப் பெருங்கோயில் 1987இல் பெற்றது.

சேகரிப்போர் ஒவ்வொருவருக்கும் சில நியதிகள் உண்டு. என் நியதிகள் இரண்டு. அட்டை அந்தந்தத் தலத்திலிருந்தே தபால் முத்திரை குத்தப்பெற்று வரவேண்டும். அனுப்பியவர் தம் கையால் ஒரு வரியேனும் எழுதியிருக்கவேண்டும். பழைய மாணவர் பலர் பிறநாடுகளில் வாழ்வதனால் இவ்வாறு வந்து சேர்ந்தவை இருநூறுக்கு மேல். எகிப்து நாட்டின் அபு சிம்பெல் கோயில் அவற்றுள் ஒன்று. அஸ்வான் அணைக்கட்டின் நீரில் அது மூழ்கிவிடாதபடி, 1964 முதல் 1968 வரை பாறையைத் துண்டு துண்டாக அறுத்து, 65 மீற்றர் உயரத்தில் மீண்டும் பொருத்தினார்கள். அந்த அட்டையைக் காட்டினால் வகுப்பில் எவரும் அசையமாட்டார். இத்தனை அட்டைகளையும் காய்ந்த வேப்பிலையிட்டுப் பெட்டியில் அடுக்கி வைத்துள்ளேன். இல்லையேல் இராமபாணப் பூச்சி தன் பங்கை எடுத்துக்கொள்ளும்.

ஆயினும், என் இரண்டு நியதிகளில் ஒன்றுக்கு அடங்காத ஓர் அட்டையே அப்பெட்டியில் முதலிடம் பெற்றிருக்கிறது. அது தபாலுறையினுள் வந்தது. 1989ஆம் ஆண்டு; நான் நாலாம் வகுப்பு மாணவன். ஜேர்மனிக்குச் சென்றிருந்த என் சித்தப்பா அங்கே ஓர் உணவுச்சாலையின் சமையலறையில் வேலை செய்தார். அம்மாவுக்கு அவர் எழுதிய கடிதத்துடன் எனக்கென ஓர் அட்டையும் இருந்தது. பச்சை நிற ஆற்றின்மேல் ஒரே வளைவாக எழுந்து நின்றது ஒரு கற்பாலம். பின்புறத்தில், "தம்பி, இது என்னோடு பாத்திரம் கழுவுகிறவரின் ஊர்ப் பாலம். தன் ஊரைப் பற்றிப் பேசினால் அவர் கண் கலங்கும். நானும் அப்படித்தான்" என்று எழுதியிருந்தார். அன்று யூகோசிலாவியா எனப்பட்ட நாட்டின் மொஸ்தார் நகரம் அது. பாலம் 1566இல் துருக்கியர் ஆட்சியில் கட்டி முடிக்கப்பட்டது.

அந்த அட்டையிலிருந்துதான் என் பித்துத் தொடங்கியது. கிடைத்த படங்களை எல்லாம் ஒரு பிஸ்கற் தகரப்பெட்டியில் சேர்த்தேன். மின்சாரமில்லாத அந்நாட்களில், ஜாம் போத்தல் விளக்கின் ஒளியில் அந்தப் பாலத்தை எத்தனையோ இரவுகள் பார்த்திருந்திருக்கிறேன். 1993ஆம் ஆண்டு நவெம்பர் 9ஆம் திகதி, போரிலே குண்டு பட்டு அது ஆற்றில் வீழ்ந்தது. அச்செய்தி எனக்கு எட்டவில்லை. இல்லாத பாலத்தை இருப்பதாக எண்ணி மகிழ்ந்துகொண்டிருந்தேன்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, ஊரோடு ஊராக நாங்களும் தென்மராட்சியை நோக்கி நடந்தோம். தோளில் பாடசாலைப் பை. அதனுள் தேசப்படப் புத்தகம். அதன் தாள்களுக்கிடையில் மொஸ்தார் அட்டை தற்செயலாக இருந்தது. மறு ஆண்டு திரும்பி வந்தபோது எங்கள் வீட்டுக்குக் கூரையுமில்லை, யன்னல்களுமில்லை. தகரப்பெட்டி போன இடமும் தெரியவில்லை.

பாலம் வீழ்ந்ததைப் பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு பழைய சஞ்சிகை வாயிலாகவே அறிந்தேன். சித்தப்பாவுக்கு எழுதினேன். பாலத்தை அதே வடிவில், அதே பகுதிக் கல்லைக் கொண்டு மீளக் கட்டி, 2004ஆம் ஆண்டு யூலை மாதம் திறந்தார்கள். 2005இல் அது மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. அதற்கு அடுத்த ஆண்டு சித்தப்பா அங்கே சென்று எனக்கு இரண்டாவது அட்டையை அனுப்பினார். "பாலத்தில் நடந்தேன். கல் வழுக்குகிறது, விளிம்பைப் பிடித்துக்கொண்டே நடந்தேன்" என்பது அவர் எழுதிய வாசகம். இன்று அவர் இல்லை. அவர் கையெழுத்து இவ்விரு அட்டைகளிலும் இருக்கிறது.

சென்ற ஆண்டு இரு அட்டைகளையும் வகுப்பில் காட்டினேன். ஒரு மாணவன் எழுந்து, "சேர், இது புதுப் பாலந்தானே? இதை ஏன் மரபுரிமை என்கிறார்கள்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. பகைத்துப் பிரிந்தவர்கள் மீண்டும் கூடியதன் அடையாளமாகவே அது போற்றப்படுகிறது என்றேன். போலந்தின் வார்சோ நகரத்தையும் எடுத்துச் சொன்னேன். இரண்டாம் உலகப் போரில் தரைமட்டமான அதன் பழைய நகரம் மீளக் கட்டப்பட்டு, 1980இல் பட்டியலில் இடம்பெற்றது. கட்டியவர்களுக்கு வழிகாட்டியவற்றுள், 18ஆம் நூற்றாண்டில் பெலொத்தோ என்ற ஓவியர் தீட்டிய நகரக் காட்சிகள் ஒருவகை. கட்டடக்கலை பயின்ற மாணவர்களும் ஆசிரியர்களும் போருக்கு முன்னர் அளந்து வரைந்து வைத்திருந்த படங்கள் மற்றொருவகை.

மாணவர் வரைந்த படம் ஒரு நகரத்தை எழுப்பியது என்றவுடன் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. எனக்கோ நெஞ்சில் ஒன்று தைத்தது. காணாத ஊர்ப் பாலத்தின் படம் என்னிடம் இரண்டு உள்ளன. நான் பிறந்து வளர்ந்த வீட்டின் படம் ஒன்றுகூட இல்லை. முன்விறாந்தைத் தூண்கள் நாலா, ஆறா என்று அம்மாவும் நானும் இன்றும் வாதாடுகிறோம்.

ஆகவே, தவணை விடுமுறைக்கு ஒரு வேலை கொடுத்தேன். ஒவ்வொருவரும் தபாலட்டை அளவில் தம் ஊரின் ஒரு காட்சியை வரைந்தோ படம் பிடித்தோ கொண்டுவரவேண்டும். பின்புறத்தில் இடம், திகதி, ஒரு வரி. கைத்தொலைபேசியில் ஆயிரம் படம் எடுப்பவர்கள் அந்த ஒரு வரி எழுதத்தான் திணறினார்கள். துலாக்கிணறு வந்தது, பனங்கூடல் வந்தது, பாட்டியின் அடுப்படி வந்தது. வாசகர் வீடுகளிலும் பிள்ளைகளிடம் இவ்வேலையைக் கொடுத்துப் பார்க்கலாம், செலவு அதிகமில்லை.

கேள்வி கேட்ட மாணவன் தன் வீட்டுத் திண்ணையை வரைந்திருந்தான். கோடுகள் சற்றுக் கோணல். பின்புறத்தில், "அப்பு பின்னேரத்தில் இதில்தான் இருப்பார்" என்று எழுதியிருந்தான். அவ்வட்டைக்கு முத்திரையுமில்லை, தபாற்கந்தோரின் குறியுமில்லை. அவனிடம் கேட்டு வாங்கி, மொஸ்தார் பாலத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.