ஸ்பாஞ்சில் ஒரு மேம்பாலம்

திருவண்ணாமலையிலிருந்து வேலூர் சாலையில் போனால், நகரம் முடிகிறது என்று நினைக்கும் இடத்தில் வேங்கிக்கால் தொடங்கிவிடுகிறது. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இங்கேதான். 1989-இல் வட ஆற்காடு பிரிந்து திருவண்ணாமலை தனி மாவட்டமானது. அலுவலகங்கள் வந்ததும் குடியிருப்புகள் பெருகின; பின்னாலேயே ஆட்டோக்களும் பைக்குகளும் வந்தன. வண்டி பெருகிய ஊரில் சீட்டு தைக்கிறவருக்கு வேலை இல்லாமல் போகாது. நான் பார்க்கப் போன கடையும் அப்படி ஒரு குஷன் கடைதான். வாசலில் சீட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, வெறும் சட்டத்தோடு நிற்கும் பைக்குகள். உள்ளே ரெக்சின் சுருள்கள், தேங்காய் நார் மெத்தை, கூரை வரை அடுக்கிய ஸ்பாஞ்சு.

அந்த அடுக்குக்குப் பக்கத்தில் தரையில் ஒரு சாலை கிடந்தது. கறுப்பு மேற்பரப்பு, நடுவே வெள்ளைக் கோடு, ஒரு மேம்பாலம், ஒரு சுரங்கப்பாதை, இரண்டு வண்டி நிறுத்தும் கொட்டகைகள். எல்லாமே ஃபோம். குழந்தைகள் பொம்மைக் கார் ஓட்டுவதற்கான செட். ஒரு மழலையர் பள்ளிக்காக முதலில் செய்து கொடுத்ததாகவும், அதைப் பார்த்த பெற்றோர்கள் ஒவ்வொருவராகக் கேட்டு வருவதாகவும் கடைக்காரர் சொன்னார். கடையில் எல்லோரும் அவரை மேஸ்திரி என்கிறார்கள். தையல் மெஷினில் இருப்பவர் அவருடைய தங்கை; உதவிக்கு ஒரு பையன்.

“வர்றவங்க எல்லாரும் டென்சிட்டி எவ்ளோன்னுதான் சார் கேக்குறாங்க. 32-ஆ, 40-ஆன்னு. ஒருத்தரும் கையில அமுக்கிப் பாக்க மாட்டேங்குறாங்க” என்றார் மேஸ்திரி.

அவர் சொன்னது தொழில்நுட்பமாகவும் சரி. டென்சிட்டி என்பது ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்ற கணக்கு. அது எவ்வளவு நாள் உழைக்கும் என்பதற்கு ஒரு குறிப்பு கிடைக்கும். எவ்வளவு மெத்தென்று இருக்கும் என்பது தனி விஷயம். ஒரே டென்சிட்டியில் கெட்டியான ஸ்பாஞ்சும் உண்டு, கொழகொழவென்று அமுங்குவதும் உண்டு. அவர் இரண்டு துண்டுகளை எடுத்து என் கையில் வைத்தார். எடையில் வித்தியாசம் தெரியவில்லை. கட்டை விரலால் அழுத்தியபோது ஒன்று உடனே உள்வாங்கியது, இன்னொன்று எதிர்த்து நின்றது.

பொம்மைச் சாலைக்கு இந்த வித்தியாசம்தான் முதல் சிக்கல். குழந்தை விழுந்தாலும் அடிபடக் கூடாது என்றால் மெத்தென்ற ஸ்பாஞ்சு வேண்டும். ஆனால் அதன் மேல் கார் ஓடாது. உள்ளங்கையில் அடங்கும் உலோகக் கார்களைப் பெரும்பாலும் நிஜ வண்டியில் 64-இல் ஒரு பங்கு அளவில் வார்க்கிறார்கள். நீளம் ஏழு சென்டிமீட்டர் இருக்கும். சக்கரம் சட்டைப் பொத்தான் அளவு. அந்தச் சக்கரம் ஸ்பாஞ்சில் புதைந்து, தள்ளினால் குப்புற விழுகிறது. “வண்டி ஓடலைன்னா புள்ள வண்டியத் தூக்கி வீசும். அந்த வண்டி யார் மண்டையில படும்?” என்று மேஸ்திரி கேட்டார். பொம்மை சரியாக ஓடுவதும் பாதுகாப்பில் சேர்த்திதான்.

அதனால் அவர் மூன்று அடுக்காகச் செய்கிறார். அடியில் ரீபாண்ட், அதாவது கழிவு ஸ்பாஞ்சுத் துணுக்குகளை அழுத்தி ஒட்டிய கெட்டிப் பலகை. இடம் விட்டு நகராது. நடுவில் சாதாரண ஸ்பாஞ்சு. மேலே சாலைக்கு மட்டும் இ.வி.ஏ. ஷீட், செருப்புக்குப் போடும் அதே சரக்கு. செய்யாறு சிப்காட்டிலும் ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கமும் காலணித் தொழில் பரவியிருப்பதால், இந்த வட்டாரத்துக் கைகளுக்கு அந்த ஷீட் பழகிய பொருள். அதன் குமிழ்கள் மூடியவை. தண்ணீர் குடிக்காது, சக்கரம் புதையாது. ஸ்பாஞ்சின் குமிழ்கள் திறந்தவை; ஒரு டம்ளர் பால் கொட்டினால் உறிஞ்சி வைத்துக்கொண்டு மூன்றாம் நாள் நாறும்.

மேம்பாலத்தின் இறக்கத்தை அவர் வெட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சாணை பிடித்த நீளக் கத்தி, ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. அமுக்கி அறுப்பதில்லை, கத்தியின் முழு நீளத்தையும் ஒரே இழுப்பில் தன் பக்கம் கொண்டுவருகிறார். அமுக்கினால் ஸ்பாஞ்சு குனிந்துகொடுக்கும், வெட்டு முடிந்து நிமிரும்போது ஓரம் வளைந்திருக்கும். இறக்கம் தரையைத் தொடும் இடத்தில் கோணம் வைக்காமல் நீளமாக வழித்துவிட்டார். அங்கே மடிப்பு இருந்தால் காரின் மூக்கு இடித்து வண்டி கவிழும். ஒரு காரை உச்சியிலிருந்து விட்டுப் பார்த்தார். கவிழ்ந்தது. மறுபடி ஒரு சீவல். மறுபடி விட்டார். இந்த முறை ஓடிப்போய் மெஷின் காலில் முட்டி நின்றது.

தெர்மாகோலை அறுப்பதுபோல் சூடான கம்பியில் இழுத்தால் வேலை சீக்கிரம் முடியுமே என்று கேட்டேன். பாலியூரித்தேன் ஸ்பாஞ்சைச் சுட்டால் வரும் புகை கெட்டது, அதில் ஹைட்ரஜன் சயனைடு வரை கலந்திருக்கும். அவருக்கு அந்தப் பெயர் தெரியாது. “ஒரு தடவை இழுத்துப் பாத்தோம்ணா, ரெண்டு நாள் தொண்டை எரிஞ்சிச்சி” என்று பையன்தான் பதில் சொன்னான். அன்றிலிருந்து கத்திதான். நேரம் கூடுதலாகப் பிடிக்கிறது.

ஒட்டுவதிலும் இதே கதை. குஷன் வேலைக்கான ரப்பர் பசையை இரண்டு பக்கமும் தடவி, சற்று உலரவிட்டு, அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். ஆனால் அந்தப் பசையில் இருக்கும் கரைப்பான் வாடை பல நாள் போகாது. பைக் சீட்டை யாரும் கடித்துப் பார்ப்பதில்லை. இரண்டு வயதுக் குழந்தை எதையும் வாயில் வைத்துத்தான் தெரிந்துகொள்ளும். அதனால் சாலைத் துண்டுகளைப் பசை இல்லாமல் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும்படி நாக்கும் பள்ளமுமாக வெட்டுகிறார். நாக்குகளைப் பெரிதாகவே வைக்கிறார். சிறிதாக இருந்தால் குழந்தை கடித்துப் பிய்த்துவிடும்.

இ.வி.ஏ.வும் அப்பழுக்கற்றது அல்ல. அதை நுரைக்க வைக்கும் வேதிப்பொருள்களின் வழியாக ஃபார்மமைடு மிஞ்சக்கூடும் என்பதால், 2010 கடைசியில் பெல்ஜியம் குழந்தைகளுக்கான புதிர்ப் பாய்களின் விற்பனையைத் தடை செய்தது. பிறகு ஐரோப்பிய ஒன்றியம் ஃபோம் பொம்மைகளில் அந்தப் பொருளுக்கு வரம்பு வைத்தது. வேங்கிக்காலில் ஒரு குஷன் கடை செய்யக்கூடியது, மட்டமான, நெடி அடிக்கும் ஷீட்டைத் திருப்பி அனுப்புவதும், வாங்கியதைப் பிரித்துக் காற்றாடப் போடுவதும்தான். பின்பக்கம் கொடியில் துணி காய்வதற்குக் கீழே கறுப்பு ஷீட்டுகள் விரிந்து கிடந்தன, நிழலில். வெயிலில் போட்டால் சுருங்கிவிடும். சித்திரை வெயிலில் திருவண்ணாமலையில் எதைத்தான் வெளியே போட முடியும்.

தங்கையின் பங்கு இதற்குப் பிறகு வருகிறது. ஸ்பாஞ்சுக்கு அவர் இரண்டு உறை தைக்கிறார். உள்ளே நெருக்கமாக நெய்த காடாத்துணி, வெளியே துடைத்தால் அழுக்கு போகும் துணி. வெளி உறை கிழிந்தாலும் ஸ்பாஞ்சு வெளியே வராது. பிய்ந்த ஸ்பாஞ்சுத் துணுக்கு சுருங்கி, தொண்டைக்குள் போய் விரிந்துகொள்ளும். ஃபோம் பொம்மையில் பெரிய ஆபத்து அதுதான். ஜிப்பில் பிடி கிடையாது. பின்னை நுழைத்துத்தான் இழுக்க வேண்டும். “புள்ளைங்களால தொறக்க முடியாது, அம்மாமாருங்க திட்டிகினே தொறப்பாங்க” என்று சிரித்தார்.

பொம்மைகளுக்கான நம் தரநிலை ஐ.எஸ். 9873. சர்வதேசத் தரநிலையை ஒட்டியது. துணிப் பொம்மையின் தையலை 70 நியூட்டன் விசையில் இழுத்துப் பார்க்கச் சொல்கிறது. ஏறத்தாழ 7 கிலோ தொங்கவிட்டதற்குச் சமம். இதைச் சொன்னதும் தங்கை பேசாமல் எழுந்துபோய், மூலையில் இருந்த ஒரு உறையின் இரண்டு பக்கத்தையும் பிடித்து, காலை ஊன்றி இழுத்துக் காட்டினார். பைக் சீட்டு தைக்கும் நைலான் நூல், ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஓட்டம். தையல் அசையவில்லை. ஒரு ஓட்டம் போதாதா என்றேன். “போதும். ஆனா ரெண்டாவது ஓட்டம்தான் என் வேலை” என்றார்.

சுரங்கப்பாதையை ஒரு பக்கம் மட்டுமே அடியோடு சேர்த்திருக்கிறார்கள். மறுபக்கம் சும்மா தரையில் உட்கார்ந்திருக்கிறது, தூக்கினால் திறந்துகொள்ளும். பூங்காவில் வைக்கும் விளையாட்டுச் சாதனங்களுக்கான வெளிநாட்டுத் தரநிலைகள் சுமார் 9 முதல் 23 சென்டிமீட்டர் வரையுள்ள இடைவெளிகளைச் சந்தேகத்தோடு பார்க்கின்றன. உடல் நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும் அளவு அது. பொம்மை லாரி போகிற சுரங்கம் சரியாக அந்த அளவுக்குள்தான் வரும். மேஸ்திரி அந்தத் தரநிலையைப் படித்தவர் இல்லை. பாத்திரத்தில் தலையை விட்டுக்கொண்ட குழந்தையை எந்த ஊரில்தான் பார்க்காமல் இருந்திருப்பார்கள்!

இந்த ஊருக்கே உரிய ஓர் எச்சரிக்கையையும் அவர் ஒவ்வொரு செட்டோடும் வாயால் சொல்லி அனுப்புகிறார்: கார்த்திகையில் விளக்கு வைக்கும் நாட்களில் இதைக் கழற்றிப் பரண் மேல் போட்டுவிடுங்கள். ஸ்பாஞ்சு தீப்பிடித்தால் அணைக்க அவகாசம் தராது. வாசல், கூடம், ஜன்னல் எங்கும் அகல் எரியும் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை.

சட்டம் எங்கே நிற்கிறது? 2020-இல் மத்திய அரசு கொண்டுவந்த பொம்மைத் தரக்கட்டுப்பாட்டு ஆணை 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். ராணிப்பேட்டையில் ஆலை வைத்திருக்கும், 1987 முதல் தொழிலில் இருக்கும் ஃபன்ஸ்கூல் மாதிரிப் பொம்மை நிறுவனத்துக்கு ஆய்வகமும் ஆட்களும் உண்டு. கைவினை ஆணையரகத்தில் பதிவு செய்த கைவினைஞர்களுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் விலக்கு உண்டு. தஞ்சாவூர்த் தலையாட்டி அப்படித் தப்பியது. குஷன் தைப்பவர் இந்த இரண்டு பக்கத்திலும் இல்லை. ஸ்பாஞ்சு வெட்டுவதை யாரும் கைவினை என்று எழுதி வைக்கவில்லை. அவரிடம் தொழிற்சாலையும் இல்லை. தரமற்ற பொம்மைகளைத் தடுக்க அந்த ஆணை தேவை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இரண்டாவது ஓட்டம் தைக்கிற ஒருவரை முத்திரைக்கு அழைத்துப்போக, மாவட்டத் தலைநகரிலேயே ஒரு சோதனை வசதியாவது இருக்க வேண்டாமா?

தரநிலையில் சிறு பாகங்களை அளக்க ஓர் உருளை உண்டு என்று மேஸ்திரியிடம் சொன்னேன். 31.7 மில்லிமீட்டர் விட்டம். அடி சாய்வாக, ஆழம் ஒரு பக்கம் 25.4, மறுபக்கம் 57.1. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையின் பொம்மையில் கழன்று வரும் எதுவும் அதற்குள் முழுதாக அடங்கக் கூடாது. எண்களைப் பில் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதச் சொன்னார். பையனைப் பக்கத்து லேத் பட்டறைக்கு அனுப்பினார். நாங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் மரத்தில் கடைந்த ஒரு குழாய் வந்துவிட்டது.

முதலில் காரின் சக்கரத்தைப் போட்டார். விழுந்தது. அது அவர் செய்ததல்ல. ஆனாலும், இந்த மாதிரிச் சிறு கார்கள் மூன்று வயதுக்கு மேல்தான் என்பதையும் இனி சொல்லி அனுப்ப வேண்டும் என்று தங்கையிடம் சொன்னார். அடுத்து, சாலை முனையில் நிற்கும் சிக்னல். சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டங்கள் இ.வி.ஏ.வில் வெட்டி ஒட்டியவை. செட்டிலேயே அழகான பகுதி, பெற்றோர்கள் முதலில் கைவைப்பதும் அதில்தான். சிவப்பைப் பிய்த்துப் போட்டார். உள்ளே போய் அடியில் உட்கார்ந்துகொண்டது.

“துணியில வெட்டி சுத்தியும் தெச்சிடலாண்ணா” என்றார் தங்கை. மூன்று வட்டம், ஒவ்வொன்றுக்கும் மெஷினை நிறுத்தி நிறுத்தித் திருப்ப வேண்டும். ஒட்டினால் ஒரு நிமிட வேலை.

“தெச்சிடலாம். கூலிய யாருகிட்ட கேக்குறது?” என்றார் மேஸ்திரி.

அந்தக் கேள்வி வாங்குகிற நமக்கானது. கத்தியில் அறுத்த நேரம், வழித்துவிட்ட இறக்கம், உள் உறை, இரண்டாவது ஓட்டம், இனி இந்த மூன்று வட்டங்கள்: பாதுகாப்பு என்று நாம் சொல்வது மொத்தமும் யாரோ ஒருவருடைய உழைப்பு நேரம். ஸ்பாஞ்சின் டென்சிட்டியைக் கேட்டு விலை பேசுகிற நாம், தையலைத் திருப்பிப் பார்த்து அதற்கும் சேர்த்துக் கூலி கொடுக்கப் பழக வேண்டும்.